60 ஆயிரம் ரூபாய் இருக்கிறது: பைக்குக்குச் செலவழிப்பதா, பயிற்சிக்கா?

ஷிமானோவின் தொடக்கநிலை கியர் செட்டுகளான கிளாரிஸோ (8 கியர்) சோராவோ (9 கியர்) பூட்டிய அலுமினிய ரோடு பைக்கை, அதாவது சாலை சைக்கிளை, ஓராண்டு ஓட்டியவருக்கு இரண்டு ஆசைகள் ஒரே நேரத்தில் வரும். ஒன்று, பைக்கை அதே ஷிமானோவின் உயர்ந்த செட்டான 105க்கு ஏற்றிவிட வேண்டும். இன்னொன்று, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரோ, வீட்டிலேயே நின்ற இடத்தில் ஓட்டும் ஸ்மார்ட் ட்ரெய்னரோ வாங்கி ஒழுங்காகப் பயிற்சி செய்ய வேண்டும். கையில் இருப்பதோ ஒன்றுக்குத்தான் காணும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதலில் டயரும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு), அடுத்து அளக்கும் கருவி. வெளியே ஓட்ட நேரம் கிடைக்காதவருக்கு மட்டும் ட்ரெய்னர். 105ம் கார்பன் வீலும் வரிசையில் கடைசி.

கீழே வரும் கணக்குகளில் ஓட்டுபவர், பைக், தண்ணீர் எல்லாம் சேர்த்து எடை 85 கிலோ.

டயர்: காண்டினென்டல் கிராண்ட் பிரீ 5000

புது பைக்கோடு வரும் கம்பி விளிம்பு டயர்கள் கனமானவை, ரப்பரும் கட்டி. அவற்றின் உருளல் தடைக் கெழு 0.006 என்றும், நல்ல பந்தய டயரின் கெழு 0.004 என்றும் வைத்துக்கொண்டால், 30 கிமீ வேகத்தில் மிச்சமாவது சுமார் 14 வாட். சமதளத்தில் காற்று வீசாதபோது அந்த வேகத்தில் போக மொத்தம் 165 வாட் அளவுக்குத்தான் தேவை. அதில் 14 என்பது பெரிய தொகை. இதே விலைக்கு இவ்வளவு வேகம் தரும் வேறு பாகம் பைக்கில் இல்லை.

வாங்குமுன் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிம் பிரேக் காலிப்பர்கள் சிலவற்றில் 28 மிமீ டயர் மேலே உரசும், அப்போது 25தான். காற்றழுத்தத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தையே அடித்துவிட்டு, பைக் குலுக்குகிறது என்கிறார்கள். நம் ஊர்ச் சாலையில் 75 கிலோ ஆள் 28 மிமீ டயரில் 75 முதல் 80 பிஎஸ்ஐ வைத்தால் போதும், முன்சக்கரத்தில் இன்னும் 5 குறைக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் டயர் சாலையின் மேடு பள்ளத்தை விழுங்காமல் ஆளையே தூக்கிப் போடும், அதற்கும் சக்தி செலவாகும்.

குறை ஒன்று உண்டு. பக்கச்சுவர் மெல்லியது, கூர்மையான கல்லில் கிழியும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் லாரி டயர்க் கம்பிகள் நடுப்பகுதியிலேயே ஏறிவிடும். வாரம் ஒருமுறை டயரைச் சுற்றிப் பார்த்து, சிக்கிய கம்பியையும் கண்ணாடித் துணுக்கையும் இடுக்கியால் பிடுங்கினால் பாதி பஞ்சரைத் தவிர்க்கலாம். 400, 600 கிமீ பிரவே (நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுபவர் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து கேட்டர்ஸ்கின் மாதிரி கெட்டியான டயருக்குப் போவது நியாயமே. டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) டியூப் 40 கிராமுக்குள் நிற்கும், ஆனால் ரிம் பிரேக்கோடு மலை இறங்கும்போது ரிம் சூட்டில் அது தாங்காமல் போகலாம். அந்த பைக்குக்குச் சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபே போதும்.

கேசட்: மலைக்குப் போகிறவருக்கு இது முதல் செலவு

முன்னால் 34, பின்னால் 28 பல். 8 சதவீத ஏற்றத்தில் 8 கிமீ வேகத்துக்கு 155, 160 வாட் தேவை, மிதி நிமிடத்துக்கு 52தான் சுற்றும். முட்டி வலி அங்கேதான் தொடங்குகிறது. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு மிதி 63 ஆகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வித்தியாசம் போதும்.

8, 9 கியர் கேசட்டுகள் விலை குறைவு. பின் டிரெய்லியர் (செயினை நகர்த்தி கியர் மாற்றும் பாகம்) நீளக் கூடு உள்ளதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். குட்டைக் கூடு 34 பல்லை ஏற்காது. செயினைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டுப் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியர் இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும். புது செயினை டிரெய்லியருக்குள் விடாமல் பெரிய செயின்ரிங் (முன் பல்சக்கரம்), பெரிய கேசட் பல் இரண்டின் மேலும் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்ட வேண்டும். பழைய செயினோடு புது கேசட் போடாதீர்கள், அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். தேய்மான அளவுகோலில் 8 முதல் 10 கியர் வரை 0.75, 11, 12 கியருக்கு 0.5 காட்டியதும் செயினை மாற்றினால் கேசட் நெடுநாள் வரும்.

ஷிமானோ 105

அருமையான செட். கியர் விழும் விதமும், ஹைட்ராலிக் பிரேக்கில் ஒரு விரலால் நிறுத்தலாம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு வாட்கூட அதிகமாகாது. செலவும் பெட்டி விலையோடு நிற்பதில்லை. 9 கியரிலிருந்து 11க்குப் போனால் ஷிஃப்டர், இரண்டு டிரெய்லியர், கேசட், செயின், கேபிள் எல்லாம் மாற வேண்டும். பழைய 8–10 கியர் ஹப்பில் 11 கியர் ரோடு கேசட் 1.85 மிமீ இடமில்லாமல் நிற்கும், அதனால் வீலும் மாறும். (11–34 பல் கொண்ட எச்ஜி700, எச்ஜி800 கேசட்டுகள் மட்டும் பழைய ஹப்பிலேயே ஏறும்.) 12 கியர் ஆர்7100 டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வருகிறது, ரிம் பிரேக் பைக் வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். இவ்வளவும் மாற்றுவதைவிட 105 பூட்டிய பைக்கையே வாங்குவது லாபம்.

கார்பன் வீல்

அரை கிலோ குறைந்தால் மொத்த எடையில் 0.6 சதவீதம். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒன்றரை மணி நேரம் எடுப்பவர் முழுதாக ஒரு கிலோ குறைத்தாலும் மிச்சம் ஒரு நிமிடம்தான். அவரே தன் சக்தியை 10 சதவீதம் கூட்டினால் ஏழெட்டு நிமிடம் முன்னால் மேலே நிற்பார். காற்றுத் தடையிலும் இதே கதைதான். முன்கையைத் தாழ்த்தி முழங்கையை மடக்கி, காற்றுத் தடைப் பரப்பை 0.36 சதுர மீட்டரிலிருந்து 0.32க்குக் கொண்டுவந்தால் 30 கிமீ வேகத்தில் 13 வாட் மிச்சம், காசே இல்லாமல். ஹுக்லெஸ் (டயரைப் பிடிக்கும் உள்கொக்கி இல்லாத) ரிம் வாங்கினால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக்கூடாது. ரிம் பிரேக்கில் கார்பன் ரிம்மோடு நீண்ட மலை இறக்கம் வேண்டவே வேண்டாம், பிசின் சூட்டில் இளகும்.

பவர் மீட்டர்: ஃபவெரோ அசியோமாவா, ஃபோர்ஐ பிரெசிஷனா?

இரண்டுமே ±1 சதவீதத் துல்லியம் என்கின்றன. ஃபோர்ஐ இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) ஒட்டிய 9 கிராம் கருவி, சிஆர்2032 பேட்டரியில் ஓடும். அசியோமா பெடலிலேயே இருக்கிறது, சார்ஜ் செய்தால் 50 மணி நேரம் வரும், ஒரு பெடல் 149.5 கிராம்.

இந்தப் பைக்குகளுக்கு எங்கள் தேர்வு அசியோமா. விலை குறைந்த பைக்குகள் பலவற்றில் சதுர முனை அச்சுதான் இருக்கிறது, ஷிமானோவின் 24 மிமீ கிராங்குக்கான இடதுகை அதில் ஏறாது. பெடல் எந்த பைக்கிலும் ஏறும், பைக் மாறினால் கூடவே வரும்.

ஒரு பக்கம் மட்டும் அளப்பவை இடது காலின் அளவை இரட்டிப்பாக்கிக் காட்டும். இடது கால் 48 சதவீதம் தந்தால் திரையில் 4 சதவீதம் குறைவாக வரும். ஒவ்வொரு முறையும் அதே பிழை என்றால் பயிற்சிக்குப் பாதகமில்லை. களைப்பில் கால் சமன் மாறுபவருக்கும், காயத்திலிருந்து மீண்டவருக்கும் இரு பக்கக் கருவியே சரி.

எண்கள் தப்பாக வருவதற்கு வழக்கமான காரணம் கிராங்க் நீளம். 170 மிமீ கிராங்கை 172.5 என்று பதிந்தால் எப்போதும் ஒன்றரை சதவீதம் அதிகம் காட்டும். ஓட்டத்துக்கு முன் பைக்கை வெளியே வைத்து, வெப்பநிலை சமமான பிறகு ஜீரோ (சுமையில்லாத நிலையைப் பூஜ்யமாகப் பதிவது) செய்யுங்கள். ஏசி அறையில் செய்துவிட்டு வெயிலில் இறங்காதீர்கள். இதையெல்லாம் காட்ட ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வேண்டும், அதன் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கருவி வந்ததும் 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்கினால் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச சக்தி. அதன் 88 முதல் 94 சதவீதத்தில் 20 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, வாரம் இருமுறை. மற்ற நாட்களில் 56 முதல் 75 சதவீதம். எட்டு வாரம் இப்படி ஓட்டத் தயாரில்லை என்றால் பவர் மீட்டர் வாங்காதீர்கள்.

ஸ்மார்ட் ட்ரெய்னர்: வாஹூ கிக்கர் கோர்

பின்சக்கரத்தைக் கழற்றி நேரடியாக மாட்டுவது. 5.4 கிலோ ஃபிளைவீல், 1800 வாட் வரை, 16 சதவீத ஏற்றம், ±2 சதவீதத் துல்லியம். பட்ஜெட்டை ஏறக்குறைய முழுவதும் இதுவே விழுங்கும். அதிகாலை நான்கரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவருக்கு, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டம் நின்றுபோகும் சென்னைக்காரருக்கு இதுவே முதல் செலவாகலாம். மற்றவருக்கு அல்ல.

நம் ஊரில் இதற்குக் கூடுதல் வேலைகள் உண்டு. சீலிங் ஃபேன் போதாது. நெஞ்சுயரத்தில் பெடஸ்டல் ஃபேன் முன்னால் வேண்டும். இல்லையென்றால் 20 நிமிடத்தில் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், வாட் ஏறாது. வியர்வை உப்பு ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் அலுமினியத்தையும், ஹெட்செட்டின் மேல் பேரிங்கையும் அரிக்கும். துண்டு போர்த்தி ஓட்டி, முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். கரண்ட் போனால் தடையும் போய்விடும், இன்வெர்ட்டர் லைனில் இணையுங்கள். 8 கியர் பைக் என்றால் 8 கியர் கேசட்டும் 1.85 மிமீ ஸ்பேசரும் போட வேண்டும்.

எர்க் மோடில், அதாவது குறித்த வாட்டை ட்ரெய்னரே நிலைநிறுத்தும் முறையில், மிதி வேகம் குறைந்தால் அதே வாட்டுக்காகத் தடை கூடும், அதனால் மிதி இன்னும் குறையும், கடைசியில் கால் நின்றுவிடும். அந்த நேரத்தில் முரண்டு பிடிக்காமல் மிதிப்பதை நிறுத்தி, சில நொடி விட்டு லேசாகச் சுற்றித் தொடங்குங்கள். ட்ரெய்னரில் ஓட்டப் பயன்படும் ஆப்களில் ஸ்விஃப்ட் மாதம் 19.99 டாலர். மைவூஷ் இலவசம், தொடங்க அது தாராளம்.

இதயத்துடிப்புப் பட்டை

போலார் எச்10, அல்லது அதைவிட மலிவான நெஞ்சுப் பட்டை எதுவும். மணிக்கட்டுக் கடிகாரம் திடீர் ஏற்றத்தில் பின்தங்கும். பட்டை 60 ஆயிரத்தில் சிறு துளி, ஆனால் வெயிலில் ஒரே வாட்டுக்குத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், அன்று ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

பணம் எப்படிப் பிரியும்

டயர், டியூப், கேசட், செயின், பட்டை இவற்றுக்குப் பாதியைவிடக் குறைவாகவே ஆகும். மீதியில் புது அசியோமா ஊனோ (ஒரு பக்கம் மட்டும் அளப்பது) எட்டாவிட்டால் பழையது தேடலாம். வாங்கும் முன் பெடலை விரலால் சுற்றி பேரிங் சொரசொரப்பு பாருங்கள், கிளீட் (ஷூவின் அடியிலுள்ள கொக்கி) பிடிக்கும் பின்பகுதி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், விற்பவர் முன்னிலையில் ஃபவெரோ ஆப்பில் ஜீரோ செய்து பாருங்கள். பழைய ட்ரெய்னர் என்றால் 10 நிமிடம் சூடேற்றி ஓட்டிவிட்டு ஸ்பின்டவுன் (வேகமேற்றி மிதிப்பதை நிறுத்தி அளவைச் சரிபார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். அது தோற்றாலோ, 200 வாட்டில் பெல்ட் கிறீச்சிட்டாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.