அந்த ஏழு செகண்ட் யாரோடது? தொழில்நுட்ப உரைக்கான ஆறு வாரப் பயிற்சி: என் அனுபவம்

நான்காவது ஸ்லைடில் இருந்தேன். உச்ச நேரத்தில் ரெப்ளிகேஷன் லேக் (முதன்மை டேட்டாபேஸில் எழுதியது அதன் இரண்டாவது பிரதிக்குப் போய்ச் சேர ஆகும் தாமதம்) ஏழு செகண்ட் வரை போகிறது என்று சொல்லிவிட்டு, கோடு மேலே ஏறும் இடத்தைக் கர்சரால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவர், கணக்குத் தணிக்கை செய்பவர், கையில் இருந்த மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் மேடம். நீங்க சொல்ற அந்த ஏழு செகண்ட் யாரோடது?"

கேள்வி எனக்குப் பிடிபடவில்லை. அவரே தொடர்ந்தார். "அந்த ஏழு செகண்டுக்குள்ள ஒருத்தர் பணம் கட்டியிருந்தா, அது என்ன ஆகும்?"

பதினோரு வருடமாக டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறேன். அந்த எண்ணை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. என் துறைக்காரர்களுக்குக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மற்றவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே தெரியவில்லை, ஏனென்றால் நான் அந்த எண்ணைப் பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லாமல் தனியாக நிறுத்தி வைத்திருந்தேன். இந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தொழில்நுட்ப விஷயத்தைக் கேட்பவருக்கு ஏற்றபடி சொல்வது எப்படி என்பது மட்டும்தான் பாடம். ஆன்லைனில் வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம், குழுவுக்கு எட்டுப் பேர். சேரும்போதே ஒரு நிபந்தனை உண்டு: அடுத்த இரண்டு மாதத்துக்குள் நிஜமாகவே பேசப்போகும் ஓர் உரையைக் கொண்டுவர வேண்டும். பயிற்சிக்கென்று தலைப்பை உருவாக்கினால் ஏற்க மாட்டார்கள். எங்கள் டேட்டாபேஸின் இன்னொரு பிரதியை வேறொரு டேட்டா சென்டரில் ஓட வைக்கும் திட்டத்தை நான் எடுத்துப் போனேன். அதை மூன்று இடத்தில் பேச வேண்டியிருந்தது: எங்கள் பொறியாளர்கள், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் நிதிக் குழு, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் சப்போர்ட் பிரிவு. ஒரே டெக்கை வைத்துக்கொண்டு, பொறியாளர் அல்லாதவர்களுக்குப் பேசும்போது சில ஸ்லைடுகளை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் வாரம் ஸ்லைடைத் திறக்கவே விடவில்லை. ஒரு பக்கத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். யார் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும், எதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள், நீங்கள் பேசி முடித்த பிறகு அவர்கள் செய்ய வேண்டிய வேலை என்ன. கடைசிக் கேள்வியில்தான் எட்டுப் பேரும் திணறினோம். "திட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். பயிற்சியாளர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "புரிந்துகொண்டு?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். மூன்று முறை அப்படித் திரும்பி வந்தது.

கடைசியில் எழுதியது இது. நிதிக் குழு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அவசர நேரத்தில் சில பதிவுகள் தொலையலாம் என்பதை ஏற்று மலிவான வழி, அல்லது பதிவு எதுவும் தொலையாத, செலவும் காத்திருப்பும் கூடிய வழி. பொறியாளர்கள் என் அளவீட்டில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். சப்போர்ட் பிரிவினர், பதற்றத்தோடு கூப்பிடும் ஒருவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இதை எழுதி முடித்தபோது ஒரே டெக் என்ற யோசனை தானாகவே விழுந்துவிட்டது. செய்ய வேண்டிய வேலை மூன்றும் மூன்று திசையில் இருக்கும்போது ஒரு டெக் எப்படிப் போதும்?

இரண்டாம் வாரம், மேசையில் பாட்டைத் தட்டிக் காட்டும் சோதனையோடு தொடங்கியது. 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்தது. தட்டியவர்கள், பாதிப் பாட்டையாவது கேட்பவர் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. நாங்களும் செய்து பார்த்தோம், ஒன்றுகூடத் தேறவில்லை. சரி, அது ஒரு சூடேற்றும் பயிற்சி. அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

கொலம்பியா விண்கலம் 2003 ஜனவரி 16 அன்று கிளம்பியது. ஒன்றரை நிமிடத்துக்குள் வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் கலம் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை அந்த ஸ்லைடுகளில் ஒன்றைத் தனியாக எடுத்து அலசியிருக்கிறது.

பயிற்சியாளர் அந்த ஒரே ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டு மூன்று நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீங்கதான் முடிவெடுக்கிற அதிகாரி. கவலைப்படணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். எட்டில் ஆறு பேர் வேண்டாம் என்றோம். நானும் அந்த ஆறில் ஒருத்தி.

பிறகு வரி வரியாகப் படித்தோம். கலத்தின் வெப்பக் காப்பு ஓடு விஷயத்தில் கணக்கு எச்சரிக்கையான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற தொனியில் தலைப்பு. 'கணிசமான' என்று பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல் ஐந்து இடத்தில், எந்த இடத்திலும் எவ்வளவு என்று இல்லை. புள்ளிக்கு உள்ளே புள்ளி, அதற்கு உள்ளே கோடு. ஆகக் கீழே, சின்ன எழுத்தில், கடைசி வரி: துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் இருந்தது 3 கன அங்குலம். அதாவது கையில் இருந்த சோதனைத் தரவைவிட 640 மடங்கு பெரிய பொருள் மோதியிருக்கிறது. அந்தத் தரவை வைத்து எதுவுமே சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. அது கடைசி வரியில் இருந்தது. மூத்த அதிகாரி ஒருவர் இதைப் படித்தும் உயிர் போகும் விஷயம் என்று உணராமல் போவது எளிது என்கிறது அறிக்கை.

எண்ணை யாரும் மறைக்கவில்லை. அது எனக்கு ரொம்பவே வலித்தது. அன்றிரவு என் பழைய டெக்குகளைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லைடின் கடைசி வரியை மட்டும் படித்தேன். போன வருடம் நிர்வாகத்துக்குக் காட்டிய ஒன்றில், பத்தொன்பதாவது ஸ்லைடின் அடியில் இருந்தது: "பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும் சோதனை இந்தக் காலாண்டில் செய்யப்படவில்லை." அதுதான் அவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம். மறுநாள் காலையில் அந்த ஒரு வரியை மட்டும் என் மேலாளருக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே சோதனைக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

மூன்றாம் வாரம் குரல், கை, நிற்கும் விதம். எங்கும் கிடைக்கும் பாடம்தான். கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு நடந்து பேசுவது பற்றி நாற்பது நிமிடம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

நான்காம் வாரமும் ஆறாம் வாரமும்தான் இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம். உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று பேரைக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். எனக்கு வந்தவர்கள் அந்தத் தணிக்கையாளர், ஒரு செவிலியர், ஒரு சிவில் இன்ஜினியர். பின்தொடர முடியாத கணத்தில் மஞ்சள் அட்டையைத் தூக்க வேண்டும். வீடியோவில் அந்த நிமிடம் பதிவாகும். பதினாலு நிமிட உரையில் எனக்கு ஐந்து அட்டை.

சிவில் இன்ஜினியர் தூக்கியது நிறத்துக்காக. என் வரைபடத்தில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அவருக்கு ஒரே மாதிரி தெரிந்தன. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாகவே உண்டு என்று படித்திருக்கிறேன். என் கோடுகளைப் பார்த்து ஒருவர் அதை நேரில் சொன்னது அன்றுதான். இப்போது ஒரு கோடு தடிப்பு, ஒன்று புள்ளிக்கோடு, பெயர் கோட்டின் முனையிலேயே.

செவிலியரின் அட்டை 'ஃபெயில்ஓவர்' என்ற சொல்லுக்கு. நான் விளக்கியதும் அவர் சொன்னார்: "எங்க வார்டுல இது ஷிஃப்ட் மாத்துறது மாதிரி. ஹேண்ட்ஓவர் நேரத்துலதான் ஏதாவது விட்டுப்போகும். உங்களுக்கும் அப்படியா?" அப்படியேதான். முதன்மை சர்வரிலிருந்து இரண்டாவது பிரதிக்கு வேலை கை மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்களுக்கும் எல்லா ஆபத்தும். சப்போர்ட் பிரிவுக்கான உரையில் 'ஃபெயில்ஓவர்' போய்விட்டது, 'கை மாறும் நேரம்' வந்துவிட்டது.

ஏழு செகண்டுக்கு வருகிறேன். நிதிக் குழுவுக்கு அது இப்படி ஆனது: எங்களுக்கு உச்ச நேரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 600 பரிவர்த்தனை. அந்த நேரத்தில் முதன்மை சர்வர் விழுந்தால், கடைசி ஏழு செகண்டில் பணம் கட்டிய எழுபது பேரின் பதிவு இரண்டாவது பிரதியில் இல்லாமல் போகலாம். பணத்தைக் கட்டிவிட்டு, கட்டவில்லை என்று பதில் வாங்கும் எழுபது பேர். இதை ஏற்கலாமா, இல்லை கூடுதல் செலவு செய்து தவிர்க்கலாமா? லேக் என்ற சொல்லே அந்த உரையில் வரவில்லை. '99.9 சதவீதம்' என்பதையும் எடுத்துவிட்டு, வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் சேவை நின்றால்கூட நாம் சொன்ன வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் கணக்கு என்று எழுதினேன். அந்த இடத்தில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பொறியாளர்களுக்கு எழுபது பேர் கதை இரண்டே வாக்கியம். அவர்களுக்கு வேண்டியது வேறு: ஏழு என்பது ஒரே ஒரு முறை வந்த உச்சமா, அடிக்கடி வருவதா, எத்தனை செகண்டுக்கு ஒரு முறை அளந்தோம், அப்போது பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததா. சின்க்ரனஸாக, அதாவது இரண்டாவது பிரதியிலும் எழுதிய பிறகே பதிவு முடிந்ததாகக் கொள்ளும்படி, மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணோடு வைத்தேன். ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்வர, நடுவில் இருக்கும் கருவிகளை விட்டுவிட்டாலும், குறைந்தது 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு கமிட்டும் (பதிவை உறுதி செய்யும் படி) அந்த நேரம் காத்திருக்கும். எங்கள் ஆர்டர் பாதையில் அடுத்தடுத்து ஆறு கமிட் இருக்கிறது, ஆக 60. இதைக் காட்டியதும் ஒருவர் அந்த ஆறில் இரண்டைச் சேர்த்துவிடலாமே என்றார். அந்த ஒரு யோசனைக்காகவே அந்தக் கூட்டம் போட்டது தகும்.

இங்கேதான் பயிற்சியோடு எனக்கு ஒரு சண்டை. கேட்பவருக்கு ஏற்பப் பேசுவது என்றால் மேலிருந்து கீழே இறங்கிவருவது மட்டும்தான் என்பது போலப் பாதிப் பாடம் போகிறது. எல்லா உரையையும் ஒரு மனிதரின் கதையோடு தொடங்கச் சொல்கிறார்கள். பொறியாளர்களிடம் அப்படித் தொடங்கி ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில், "அளவீடு எங்கே?" என்றார் என் சக பொறியாளர். அவர் கேட்டது சரி. துறை அறிந்தவருக்கு ஆழமாகச் சொல்வதும் அவரை மதிப்பதுதான். அதற்கான ஒத்திகைக்கு இவர்களிடம் ஆள் இல்லை. மூன்று பேரில் ஒருவராவது நம் துறைக்காரராக இருந்திருக்கலாம்.

இன்னொரு குறை, எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஐந்தாம் வாரக் கடைசியில் இருபது நிமிடம்தான். நடைமுறையில் பெரும்பாலான கூட்டம் அப்படித்தானே இருக்கிறது? அந்த இருபது நிமிடத்தில் சொன்னது பயன்பட்டது: முடிவெடுப்பவருக்கு வேண்டியதை முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள், ஆழமான ஸ்லைடுகளைப் பின்னால் வைத்துக் கேட்டால் மட்டும் திறங்கள், இப்போது சொல்லப்போவது யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதையே ஒரு முழு வாரமாக்கி, குரல் வாரத்தை எடுத்துவிடலாம்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச ஓர் உரை நிஜமாகவே கையில் இருக்கும்போது மட்டும் சேருங்கள். வாரத்துக்கு வகுப்பு போக நான்கு மணி நேரமாவது வேலை இருக்கும். மேடைப் பயம் போக வேண்டும் என்று வந்த ஒருவர் ஏமாற்றத்தோடு போனார். இது அதற்கான இடம் இல்லை. ஆறாம் வாரம் அதே மூன்று பேர் முன்னால் மறுபடி பேசியபோது எனக்கு ஒரு மஞ்சள் அட்டை. அதையும் தணிக்கையாளர்தான் தூக்கினார், எழுபது பேருக்கும் பணத்தைத் திருப்பித் தர எத்தனை நாள் ஆகும் என்று கேட்க. அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் நிதிக் குழு முன் போனேன். அங்கேயும் முதல் கேள்வி அதுதான்.

சப்போர்ட் பிரிவுக்கு ஸ்லைடே போடவில்லை. ஒரு பக்கத் தாள், அதில் இரண்டு வாக்கியம்: "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. பதிவு சரிபார்ப்பில் உள்ளது, இன்று மாலைக்குள் உறுதி செய்கிறோம்." இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஒரு மேசையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. 'சரிபார்ப்பில் உள்ளது' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'சரிபார்த்துட்டு இருக்கோம்' என்று எழுதியிருந்தார்கள். என் கோப்பிலும் அப்படியே மாற்றிக்கொண்டேன்.