வெள்ளோட்டத்துக்குப் பின் மூன்றரை ஆண்டுகள்: ஒரு மருந்து மொத்தக் கடையின் மென்பொருள் அனுபவம்

வேலூர் ஆற்காடு சாலையில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி அடுக்கடுக்காக மருந்துக் கடைகள் இருப்பதையும், அவற்றில் பலவற்றின் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருப்பதையும் இந்த ஊருக்கு ஒருமுறை வந்தவர்கூடக் கவனித்திருப்பார். அந்தக் கடைகளில் சிலவற்றுக்கும், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கடைகளுக்கும் மருந்தையும் சர்ஜிகல் பொருட்களையும் மொத்தமாகக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். ஒரு நாளைக்கு நூறு முதல் நூற்றைம்பது பில்கள் வரை விழும். 2022 ஏப்ரல் 1 அன்று பழைய பில்லிங் மென்பொருளை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறினோம். மாறுவதற்கு முன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வெவ்வேறு மென்பொருட்களைச் சோதித்துப் பார்த்தோம். அந்தச் சோதனையில் எது இந்த மூன்றரை ஆண்டுகளில் பயன்பட்டது, எது வீண் வேலையாகப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இறுதியில் எதை வாங்கினோம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் கடைக்குப் பொருந்தியது இரும்புக் கடைக்குப் பொருந்தாது, அடுத்த தெரு மருந்துக் கடைக்கே பொருந்தாமல் போகலாம்.

முதல் மென்பொருளை 2019இல் வாங்கிய விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. விற்பனையாளர் தம் மடிக்கணினியுடன் வந்து முக்கால் மணி நேரம் செயல்விளக்கம் காட்டினார். அதில் பத்து மருந்துகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பேட்ச், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதி. வாடிக்கையாளர்கள் எல்லோரும் ரொக்கத்துக்கே வாங்கினார்கள். அவர் காட்டிய கடையில் பாக்கி வைத்தவர் ஒருவர்கூட இல்லை. திரை அழகாக இருந்தது, அன்றே காசோலை கொடுத்துவிட்டோம்.

அதன் விலை 2021 ஜூனில் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையின்போது சானிடைசருக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியையும், பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு 12 சதவீதமாக இருந்ததையும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஜூன் 14 முதல் செப்டம்பர் 30 வரை அந்தச் சலுகை. நாங்களும் பொருள் பட்டியலில் வரி விகிதத்தைத் திருத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். ஜூன் மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, ஜூன் 1 முதல் 13 வரை 18 சதவீதத்தில் அச்சிட்டுக் கொடுத்த பில்கள்கூட மென்பொருளுக்குள் 5 சதவீதமாக மாறியிருந்ததை ஆடிட்டர் கண்டுபிடித்தார். அந்த மென்பொருள் வரி விகிதத்தைப் பில்லோடு சேர்த்து வைக்காமல், ஒவ்வொரு முறையும் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துக் கணக்கிட்டுக் கொண்டிருந்தது. உதவி எண்ணில் பேசியவர், பொருளைப் புதிய பெயரில் மறுபடி உருவாக்கிக்கொள்ளச் சொன்னார். கார்பன் நகல்களை வைத்துக்கொண்டு நான்கு இரவுகள் சரிபார்த்தோம். அக்டோபர் 1 அன்று பழைய விகிதம் திரும்பியபோது அதே கூத்து மறுபடி நடந்தது.

அடுத்ததை வாங்கும்போது வெள்ளோட்டம் பார்க்காமல் தேரை இழுப்பதில்லை என்று முடிவு செய்து, முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எங்கள் கடையில் உண்மையாக நடந்த பில்களில் மிகச் சிக்கலானவையாகப் பொறுக்கி நாற்பதை அதில் எழுதினேன். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் பணத்தைப் பத்துக்கு மட்டும் வாங்கி, கையிருப்பில் பதினொன்றைக் கழிக்க வேண்டிய பில் ஒன்று. ஒரே மருந்து இரண்டு பேட்சுகளில், இரண்டு எம்.ஆர்.பி.யில் இருக்க, எக்ஸ்பைரி நெருங்கியது முதலில் போக வேண்டிய பில் ஒன்று. பெட்டியாக வாங்கி ஸ்ட்ரிப்பாக விற்பது, கடன் வரம்பைத் தாண்டிய கடைக்கு முதலாளி சொல்லி மட்டும் கொடுப்பது, மூன்று வாரம் கழித்துப் பாதி சரக்கு திரும்பி வருவது, வாங்குபவரின் மருந்து உரிம எண் பில்லில் அச்சாவது என்று பட்டியல் நீண்டது. கடைசி ஐந்து பில்களை வரி மாற்றத்துக்கென்றே ஒதுக்கினேன்: பில் போட்டு, பட்டியலில் விகிதத்தை மாற்றி, பழைய பில்லைத் திறந்து பார்த்து, அந்தப் பில்லுக்கு ஒரு கிரெடிட் நோட்டும் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) போட வேண்டும், கிரெடிட் நோட்டு பழைய விகிதத்திலேயே விழ வேண்டும். எந்த மென்பொருளைக் கொண்டுவந்தாலும் இந்த நாற்பதையும் தாண்டிய பிறகே விலை பற்றிப் பேச்சு.

சோதித்துப் பார்க்கும் வழிகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை என்பது அப்போதுதான் புரிந்தது. விற்பனையாளரின் செயல்விளக்கத்தை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஆனால் அவருடைய மாதிரித் தரவை மூடச் சொல்லிவிட்டு, நோட்டிலுள்ள ஏழாவது பில்லை எங்கள் கண் முன்னால் அவரையே போடச் சொன்னோம். ஒருவர் இருபது நிமிடம் போராடிவிட்டு, அடுத்த பதிப்பில் அது வருகிறது என்றார். வரட்டும், வந்த பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தோம்.

நாள் கணக்கு வைத்துத் தரப்படும் இலவசச் சோதனை இரண்டாவது வகை. ஜோஹோ புக்ஸ் போன்ற இணையவழி மென்பொருட்கள் பதினான்கு நாட்கள் தருகின்றன. நாங்கள் செய்த முதல் தவறு, ஆர்வத்தில் முதலில் கணக்கைத் திறந்துவிட்டுப் பிறகு சரக்குப் பட்டியலைத் தேட ஆரம்பித்தது. பெயர், பேட்ச், எக்ஸ்பைரி, எச்.எஸ்.என். எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) எல்லாம் சீராக எக்செல் தாளில் வருவதற்குள் ஒன்பது நாட்கள் ஓடிவிட்டன. அடுத்த மென்பொருளுக்குத் தாள்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, வியாபாரம் மந்தமாக இருக்கும் வாரத்தின் திங்கட்கிழமையில்தான் கணக்கைத் திறந்தோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சோதனைதானே என்று வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், கைப்பேசி எண், பாக்கித் தொகை எல்லாவற்றையும் முன்பின் தெரியாத நிறுவனத்தின் சர்வரில் ஏற்றத் தேவையில்லை. பெயர்களைக் கடை 1, கடை 2 என்று மாற்றி ஏற்றினாலும் நாற்பது பில்களும் அதே சிக்கலோடுதான் இருக்கும்.

மூன்றாவது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கல்வி முறை. உரிமம் வாங்காமலே நிறுவி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பழகலாம். ஆனால் மாதத்தின் 1, 2 போன்ற ஓரிரு தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும். உண்மையான கடையை அதில் நடத்த முடியாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. சோதிப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஒரு நாள் பில்களை 1ஆம் தேதியிலும் திரும்பி வந்த சரக்கை 2ஆம் தேதியிலும் போட்டுப் பார்த்துக்கொண்டோம். அவசரமில்லாமல் பழக முடிந்தது இந்த ஒரு வழியில்தான்.

நான்காவதாக, காட்பாடியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, திறந்த மூல மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்டை எங்கள் பழைய கணினியில் நிறுவிக் கொடுத்தான். பேட்ச், எக்ஸ்பைரி இரண்டும் அதிலேயே இருக்கின்றன. இந்திய ஜிஎஸ்டிக்குத் தனிச் செயலி ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாள் கட்டுப்பாடு இல்லை, தரவு நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. அவன் விடுதிக்குத் திரும்பிய பிறகு ஒரு பிழை வந்தபோது எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையில் ஆள் இருக்கும் கடைக்கு அது நல்ல வழி. எங்களிடம் ஆள் இல்லை.

நாற்பது பில்களைத் தாண்டியவை இரண்டே. அவற்றில் ஒன்றைக் கழித்துக் கட்டியது, எங்கள் கடையில் இருபது ஆண்டுகளாகப் பில் போடும் அண்ணன். மாலை ஆறு மணிக்கு மேல் ஆர்டர் எடுக்கும் பையன்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அவரை உட்கார வைத்தோம். பத்து வரிப் பில் ஒன்றைப் பழைய மென்பொருளில் அவர் ஒன்றரை நிமிடத்தில் போடுவார். புதியதில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. “தம்பி, இதுல ஒவ்வொரு வரிக்கும் மவுசைத் தேடிக் கை போகுது. சாயங்காலம் ஆள் நிக்கும்போது நடக்கிற காரியம் இல்ல” என்றார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றாடம் விசைப்பலகையில் உட்காருபவர் பார்க்காத சோதனையை நான் இன்று சோதனையாகவே எண்ணுவதில்லை.

அச்சிலும் ஒரு பாடம் இருந்தது. செயல்விளக்கங்களில் எல்லோரும் லேசர் பிரிண்டரில் முழுத் தாளில் அச்சிட்டுக் காட்டினார்கள். எங்களிடம் இருப்பது டாட் மேட்ரிக்ஸ். கார்பன் வைத்த அரைத்தாள். வேகமான எழுத்து முறையில் அச்சிட்டால் கடைப் பெயரின் தமிழ் எழுத்துகள் வரவில்லை. படமாக அனுப்பினால் தமிழ் வந்தது, ஆனால் ஒரு பில்லுக்கு ஆகும் நேரம் பொறுமையைச் சோதித்தது. தலைப்பை முன்கூட்டியே அச்சிட்ட தாள்களுக்கு மாறி அதைத் தீர்த்துக்கொண்டோம். வாங்கிய பின் தெரிந்திருந்தால் பிரிண்டரையும் மாற்றியிருப்போம்.

இணையவழி மென்பொருளைச் சோதித்தபோது, பில் சேமிக்கும் நொடியில் வேண்டுமென்றே நெட் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி செருகியபோது அதே பில் இரண்டு எண்களில் விழுந்திருந்தது. வேலூர் வெயிலில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். கடையிலேயே நிறுவும் வகைக்கு நாங்கள் போனதற்கு முதன்மைக் காரணம் அதுதான்.

பதினான்கு நாட்களில் தெரியாத பெரிய விஷயம் ஆண்டு முடிவு. பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வரக் கூடாது, பதினாறு எழுத்துகளுக்கு மிகக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. ஏப்ரல் 1இல் எண் வரிசை புதிதாகத் தொடங்க வேண்டும், பாக்கிகள் மட்டும் அப்படியே தொடர வேண்டும். சோதனைக் கணினியில் தேதியை மார்ச் 31க்கு மாற்றி நான்கு பில்களும், ஏப்ரல் 1க்கு மாற்றி நான்கு பில்களும் போட்டோம். பிறகு மார்ச் 30 தேதியிட்ட ஒரு பில்லைத் தாமதமாக நுழைத்துப் பார்த்தோம். இணையவழி வகையில் நம் கணினியின் தேதியை மாற்றிப் பயனில்லை. பில்லின் தேதியை மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

வெளியேறும் வழியையும் உள்ளே போகும் முன்பே பார்த்துக்கொண்டோம். தரவை எக்செல் வடிவில் எடுக்கலாம் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். எடுத்துப் பார்த்தால் ஒன்றில் மருந்தின் பெயரும் கையிருப்பும் மட்டுமே வந்தன. பேட்சும் எக்ஸ்பைரியும் வரவில்லை. மருந்து வியாபாரத்தில் அந்த இரண்டும் இல்லாத கையிருப்புக் கணக்கு வெறும் காகிதம்.

கடைசியாக, 2022 மார்ச்சில் மூன்று வாரங்கள் பழைய மென்பொருளிலும் புதியதிலும் ஒரே பில்களை இரட்டையாகப் போட்டோம். உண்மையிலேயே உடம்பை வருத்திய வேலை அது. இரவு பத்து மணிக்கு மேல் இரண்டாவது பதிவு நடக்கும். மூன்றாம் வார முடிவில் மொத்தப் பாக்கியில் 41 ரூபாய் வித்தியாசம் வந்தது. பைசாவை முழுமையாக்கும் முறை இரண்டிலும் வேறு வேறு என்று கண்டுபிடித்து அமைப்பை மாற்றினோம். ஊழியர்கள் புதிய மென்பொருளைக் கற்றுக்கொண்டதும் அந்த மூன்று வாரத்தில்தான். பயிற்சி என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

சோதனையில் பிடிபடாதவையும் உண்டு. மூன்றாம் ஆண்டில் தரவு பெருத்த பிறகு பழைய பில்களைத் தேடும் வேகம் கண்கூடாகக் குறைந்துவிட்டது. காலியான தரவில் சோதித்த எங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஒரு லட்சம் போலிப் பில்களை ஏற்றிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆண்டுச் சந்தா இரண்டாம் ஆண்டில் உயர்ந்தது. எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை வாய்ப்பேச்சில் விட்டது என் தவறு. காலாவதியான மருந்துகளை நிறுவனங்களுக்குத் திருப்பி அனுப்பி ஈடு வாங்கும் கணக்கு இன்றும் தனி நோட்டில்தான் நடக்கிறது. நாற்பது பில்களில் அதற்கு ஒன்றுகூட நான் ஒதுக்கவில்லை. இன்னொன்று, பழைய பட்டியலில் ஆம்பூர், ஆற்காடு எல்லாம் வேலூர் மாவட்டம் என்றே இருந்தது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து முகவரிகளைத் திருத்த ஒரு வாரம் போனது. அது மென்பொருளின் குறை அல்ல, எங்கள் சோம்பல்.

கடந்த 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, எங்களிடம் 12 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான மருந்துகள் 5 சதவீதத்துக்கு வந்தன. முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தேதி குறிப்பிட்டுப் புதிய விகிதத்தை ஏற்றினோம். பழைய எம்.ஆர்.பி. அச்சான பெட்டிகள் கையில் இருக்க, நிறுவனங்கள் அனுப்பிய திருத்திய விலைப்பட்டியல்களைப் பேட்ச் வாரியாக ஏற்றுவதற்குத்தான் மூன்று நாட்கள் பிடித்தன. 18ஆம் தேதி விற்ற சரக்கு 25ஆம் தேதி குடியாத்தத்திலிருந்து திரும்பி வந்தபோது, கிரெடிட் நோட்டு 12 சதவீதத்திலேயே விழுந்தது. பில் போடும் அண்ணன் அதை அச்சிட்டு என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

நோட்டுப் புத்தகத்தில் இப்போது ஐம்பத்து மூன்று பில்கள் இருக்கின்றன. காலாவதிச் சரக்குக்கு மட்டும் ஆறு சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு புதிய பதிப்பும் வரும்போது, முதலில் பழைய கணினியில் ஏற்றி அவற்றை ஓட்டிப் பார்த்த பிறகே கடைக் கணினியில் ஏற்றுகிறோம். போன மாதம் வந்த பதிப்பு பதினெட்டாவது பில்லில் இலவச ஸ்ட்ரிப்புக்கும் காசு கேட்டது. நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரும்வரை கடையில் பழைய பதிப்புதான் ஓடுகிறது.