தையல் கடையும் திங்கட்கிழமை முக்கால் மணி நேரமும்: வாட்ஸ்அப் பிசினஸுடன் ஐந்து ஆண்டுகள்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில், ரவிக்கை தைக்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கட்டிங் மாஸ்டர் ஒருவர், ஊக்கு, காஜா, கைவேலை பார்க்கும் அக்கா ஒருவர், நான் என மொத்தம் மூன்று பேர்தான். அளவெடுப்பது, லைனிங் துணிக்கு அலைவது, காசு வாங்குவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. இந்த நிலையில் விளம்பரத்துக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறது என்று சக கடைக்காரர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே, 2020-ஆம் ஆண்டு முதல் நான் பயன்படுத்தி வரும், கடைகளுக்கென்றே உள்ள வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பற்றியும், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் பக்கத்தைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டும் இலவசம். இவற்றுக்காக நான் தனியாகச் செலவிடுவது திங்கட்கிழமை காலை கடை திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம்; மற்றதெல்லாம் கடை வேலையோடு வேலையாக நடந்துவிடுகிறது.

இதற்கு முன் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்தேன். 2019-இல் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் மூன்று மாதம் கொடுத்தேன். ஃபேஸ்புக்கில் போட அவர்கள் அனுப்பிய முதல் படத்திலேயே ‘ரவிக்கை’ என்ற சொல்லின் ஐகாரக் குறி ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தனியாக நின்றது. எழுத்துரு சிக்கல் என்றார்கள். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் வாக்கியத்தை வெட்டி ஒட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, பிழையை வட்டமிட்டு, திருப்பி அனுப்பி, மீண்டும் பார்த்துச் சரி சொல்வதற்குள், அந்த வேலையை நானே இரண்டு முறை செய்து முடித்திருக்கலாம். படங்களில் இருந்த ரவிக்கைகளும் எங்கள் கடையில் தைத்தவை அல்ல. அதைப் பார்த்து வந்த ஒரு பெண்மணி, “இதே மாதிரி பின் கழுத்து வேணும்” என்று கைப்பேசியை நீட்டியபோது, அது யார் தைத்தது என்று எனக்கே தெரியவில்லை.

2020-இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமித்தொற்று முறியடிப்புக் காலத்தில், அதாவது கோவிட் முடக்கத்தில், கடை மூடியிருந்தது. ஜூன் 19-இல் சில்லறைக் கடைகள் மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தபோது, மாடியேறி வர மக்கள் தயங்கினார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு வருவதே வசதியாக இருந்தது. அப்போதுதான் என் சொந்த எண்ணிலிருந்து கடையைப் பிரித்தேன். சாதாரண வாட்ஸ்அப்புக்கும் வாட்ஸ்அப் பிசினஸுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்த முடியாது என்பதால், கடைக்கென்று தனி எண் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் வாடிக்கையாளரின் அளவைத் தேடும் தொல்லை அந்த நாளோடு ஒழிந்தது.

செயலியில் எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது விரைவுப் பதில்கள் என்னும் வசதி. ஐம்பது பதில்கள் வரை எழுதி வைத்துக்கொள்ளலாம். சாய்கோட்டை (/) அழுத்திச் சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். நான் பதினான்கு பதில்களுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அவற்றை உட்கார்ந்து யோசித்து எழுதவும் இல்லை. இரண்டு வாரம் வந்த கேள்விகளை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். லைனிங் நீங்கள் போடுவீர்களா, அளவு ரவிக்கை கொடுத்தால் போதுமா, ஃபால்ஸ் அடித்து பீக்கோ செய்வீர்களா, எத்தனை நாளாகும் என்ற நான்கு கேள்விகளே பாதிக்கு மேல் இருந்தன. பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1-இல் 9 விழுக்காடானபோது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாததால் எங்கள் கடை அந்த வரிக்குப் பதிவு செய்யவில்லை, ஆகவே சொன்ன விலைக்கு மேல் வரி கிடையாது என்ற இரண்டு வரிப் பதிலை அந்த மாதம் முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதை விளம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், பத்து நிமிடத்தில் பதில் பெற்ற பெண் எங்களிடம் வருகிறார், இரவு வரை காத்திருந்தவர் அதற்குள் வேறு கடையில் அளவு கொடுத்துவிடுகிறார் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். புதிதாகக் கடை வைத்திருப்பவர்கள் படம், காணொளி என்று தொடங்குவதற்கு முன் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது, ஒவ்வொரு வாடிக்கையாளரின் உரையாடலுக்கும் ஒட்டி வைக்கும் லேபிள்கள். செயலி தரும் ஆங்கில லேபிள்களை நீக்கிவிட்டு, ‘துணி வந்தது’, ‘வெட்டியாயிற்று’, ‘ஊக்கு பாக்கி’, ‘எடுக்கலாம்’, ‘காசு பாக்கி’ என்று எங்கள் கடைப் பேச்சிலேயே வைத்துக்கொண்டேன். இருபது லேபிள்கள் வரை வைக்க முடியும். ‘தை கல்யாணம்’, ‘ஆவணி கல்யாணம்’ என்று பின்னால் சேர்த்த இரண்டும்தான் எதிர்பாராத பயனைத் தந்தன. கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கும்போது அவருடைய அம்மா, அத்தை, நாத்தனார் என்று நான்கைந்து ரவிக்கைகள் பின்னால் வரும் என்பது தையல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யாரிடம் எப்போது பேச வேண்டும் என்பது முன்பு என் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. அந்த ஞாபகமோ பெரும்பாலும் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் வரும்.

படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் இல்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவு கடை சாத்திய பிறகு படம் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நடக்கவில்லை. அந்த நேரத்தில் கால் வலிக்கும், குழல் விளக்கின் கீழ் மெரூன் நிறம் பழுப்பாகத் தெரியும், நல்ல ரவிக்கைகள் எல்லாம் வாடிக்கையாளரோடு வீட்டுக்குப் போயிருக்கும். பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். தைத்து முடித்த ரவிக்கையை இஸ்திரி போட்டதும் மாஸ்டர் அதை ஒரு ஹேங்கரில் மாட்டுவார். அந்த ஹேங்கரை மாட்டும் ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சந்துப் பக்கம் பார்த்த மரச் சன்னலுக்கு அருகில் அடித்தேன். அவ்வளவுதான் மாற்றம். இப்போது இஸ்திரி முடிந்த ஒவ்வொரு ரவிக்கையும் தானாகவே நல்ல வெளிச்சத்தில் தொங்குகிறது. வாடிக்கையாளருக்கு ‘எடுக்கலாம்’ என்று சொல்லும்போது அனுப்ப ஒரு படம் எப்படியும் தேவை. அவர் சரி என்று சொன்னால் அதே படம் ஸ்டேட்டஸிலும் போகிறது, திங்கட்கிழமை கூகுளிலும் ஏறுகிறது. மாஸ்டருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “கழுத்து வளைவை இவ்வளவு கிட்டத்துல எடுத்தா பக்கத்துக் கடைக்காரன் அப்படியே அடிச்சிருவாம்மா” என்றார். அது உண்மையும்கூட, ஒரு முறை அப்படி நடந்தது. ஆனாலும் கழுத்தோரப் பைப்பிங்கின் நேர்த்தியைத் தள்ளி நின்று காட்ட வழியில்லை.

ஆனால் இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகுந்த பயன் தந்த படம் ரவிக்கைப் படமே அல்ல, எங்கள் மாடிப்படியின் படம். ஐந்தடி நடைபாதையில் ஒரு நகைக் கடைக்கும் ஒரு மளிகைக் கடைக்கும் நடுவில் எங்கள் படிக்கட்டின் கதவு இருக்கிறது. கூகுள் வரைபடம் ஆளைச் சரியாகக் கட்டடத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அதன் பிறகு மேலே ஏற வழி தெரியாமல் மளிகைக் கடைக்குள் போய் விசாரிப்பார்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது கண்ணில் படும் வரிசையில் தெருமுனை, நடைபாதைத் தூண், கதவு, படிக்கட்டு என்று நான்கு படங்களை எடுத்து கூகுள் பக்கத்தில் ஏற்றினேன். அவற்றையே விரைவுப் பதிலோடும் அனுப்புகிறேன். “கீழே நிற்கிறேன், எப்படி வருவது?” என்ற அழைப்புகள் பெருமளவில் குறைந்துவிட்டன. அந்த அழைப்புகள் எப்போதும் நான் ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் வரும்.

கூகுள் பக்கத்தில் நானே செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் பொது விடுமுறை. ஒரு மாத ஓட்டத்துக்குப் பிறகு நாங்கள் அந்த வாரம் புதன்கிழமை வரை கடையை மூடினோம். சிறப்பு நேரம் குறிக்கும் இடத்தில் அதை நான் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணி வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸிலிருந்து பட்டுப் புடவையோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். அவர் எழுதியதில் தவறு ஏதுமில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவர் திரும்பி வரவில்லை, அந்த நட்சத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது திங்கட்கிழமை வேலையில் முதலில் பார்ப்பது அடுத்த இரண்டு வாரத்துக்கான திறப்பு நேரத்தைத்தான். கருத்துரைகளுக்குப் பதில் எழுதுவது அதற்குப் பிறகு. பதில்களைக் கைப்பேசியில் தமிழில் பேசியே எழுதிவிட முடிகிறது, ஆனால் அனுப்புவதற்கு முன் ஒருமுறை படிக்க வேண்டும். ‘காஜா’வை அது என்னென்னவோ ஆக்கும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் என்னும் வசதியில் கவனம் தேவை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ரசீதுப் புத்தகங்களில் இருந்த எல்லா எண்களுக்கும் சலுகைச் செய்தி அனுப்பலாம் என்று நான் 2021-இல் கிளம்பியபோது, அலுவலகம் ஒன்றில் சட்டப் பிரிவில் வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் தடுத்தார். “துணி ரெடின்னு சொல்றதுக்குத்தானே நம்பர் வாங்கினீங்க அக்கா?” என்று கேட்டார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. விற்பனை அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்ள அதன் கீழ் வரும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவகம் 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணுக்கு விற்பனைச் செய்தி அனுப்புவது, வாட்ஸ்அப் வழியாக அனுப்பினாலும், இந்த விதிகளுக்கு உட்பட்டது. அதன் பிறகு அளவுச் சீட்டின் அடியில் ஒரு கட்டம் அச்சிட்டேன்: புது வடிவங்கள், சலுகைகள் பற்றிச் செய்தி அனுப்பலாமா என்று அளவெடுக்கும்போதே கேட்டு, அவரே டிக் போடுகிறார். நம் எண்ணைச் சேமிக்கச் சொல்வதற்கும் அதுவே சரியான நேரம். பட்டியல் பாதியாகச் சுருங்கியது, ஆனால் அந்தப் பாதிப் பேர் பதில் எழுதுகிறார்கள்.

எப்போது பேசுவது என்பதில்தான் நான் மிகவும் பிந்திக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று ஆண்டுகள், எல்லாரையும் போல் தீபாவளிக்கு முந்திய மாதத்தில்தான் ஸ்டேட்டஸ் மேல் ஸ்டேட்டஸாகப் போட்டேன். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு எரியத் தொடங்கிவிட்டால், நான் கூப்பிடாமலேயே மாடிப்படி நிறைந்துவிடும். தைக்க முடியாத வேலையைக் கேட்டு வாங்கி, பிறகு வருத்தம் தெரிவித்துத் திருப்பி அனுப்புவதற்கா நான் இரவில் படம் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இப்போது தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன், கடையில் இல்லாத நேரத்துக்கென்று செயலி அனுப்பும் தானியங்கிச் செய்தியை எப்போதும் போகும்படி மாற்றி, பண்டிகைக்கான ஆர்டர் முடிந்தது என்றும், பண்டிகைக்குப் பின் எந்தத் தேதியிலிருந்து அளவெடுப்போம் என்றும் போட்டுவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் வேறு விளம்பரம் எதுவும் கிடையாது.

அதற்கு மாறாக, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மாஸ்டர் பழைய ரவிக்கை பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில்தான் எனக்கு நேரமும் இருக்கிறது, கடைக்கு ஆளும் தேவைப்படுகிறது. ஆடியில் ஆவணிக் கல்யாணக்காரர்களுக்கும், மார்கழியில் தைக் கல்யாணக்காரர்களுக்கும் லேபிளைப் பார்த்துத் தனித்தனியாக எழுதுகிறேன். போன ஆண்டு வாங்கிய புடவைக்கு இன்னும் ரவிக்கை தைக்காமல் வைத்திருப்பவர்களுக்கும் அப்போது ஒரு செய்தி போகும். அப்படி ஒரு புடவையாவது இல்லாத வீடு உண்டா என்ன?

குறைகளும் உண்டு. கேட்டலாக் என்னும் பொருள் பட்டியல் எங்கள் தொழிலுக்குச் சரிப்படவில்லை. ஐந்நூறு பொருள் வரை அடுக்கலாம் என்றாலும், ரவிக்கைக்கு நிலையான விலை கிடையாது. லைனிங், பேடு, கழுத்து, ஆரி வேலை எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொடக்க விலையைப் போட்டால் அதையே கடைசி விலையாகப் பிடித்துக்கொண்டு பேரம் நடக்கிறது. கழுத்து வடிவங்கள் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை நம்பி மட்டும் இருந்தால் வேலையெல்லாம் நீரில் எழுதியதாகிவிடும். இரவு பதினொன்றரைக்கு ஒற்றைக் கேள்விக்குறி அனுப்புபவர்களை எந்தச் செயலியாலும் திருத்த முடியாது. நான்கு கருவிகள் வரை இணைக்கலாம் என்பதால் கடையில் ஒரு பழைய மடிக்கணினியை இணைத்து அக்காவும் பதில் போடுகிறார். நாங்கள் இருவரும் ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு தேதி சொன்ன கதையும் உண்டு.

பெரிய கடைகளுக்கு இது போதாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு செயலியும் ஆணியில் மாட்டிய ஹேங்கரும் எந்த மூலைக்கு? என்னைப் போல் தானே அளவெடுத்துத் தானே காசு எண்ணுபவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். எனக்கு அடுத்து இருக்கும் வேலை அந்த ஒன்பது கழுத்து வடிவங்களின் படங்களை மாற்றுவது. அவற்றில் நான்கு 2021-இல் குழல் விளக்கின் கீழ் எடுத்தவை, மெரூன் இன்னும் பழுப்பாகத்தான் தெரிகிறது. வரும் மார்கழியில் செய்வதாக மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.