இரண்டு கிரிஃபித்துகள்: வேல்ஸ் முழுவதையும் ஆண்டவரா, வம்சத்தை நிலைநிறுத்தியவரா?

வேல்ஸ் நாடு முழுவதும் ஒரே வேல்ஸ் அரசனின் கைக்குள் இருந்தது வரலாற்றில் ஒரே ஒரு முறைதான். அதுவும் 1057 வாக்கில் தொடங்கி 1063 வரை, ஆறேழு ஆண்டுகள். அந்த அரசர் கிரிஃபித் அப் லுவெலின், அதாவது லுவெலின் மகன் கிரிஃபித். அடுத்த தலைமுறையில் அதே பெயரில் இன்னொருவர் வந்தார்: கிரிஃபித் அப் கனன். வடமேற்கு மூலையில் உள்ள குவினெத் என்ற ஒரு நாட்டைப் பிடித்து நிலைப்பதற்கே இவருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஆனால் 1137இல், எண்பது வயதைத் தாண்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆசி சொல்லிவிட்டுப் படுக்கையில் இறந்தார். முதலாமவரின் தலையை அவருடைய ஆட்களே வெட்டி எதிரிக்கு அனுப்பினார்கள்.

வரைபடத்தை மட்டும் பார்த்தால் லுவெலின் மகன்தான் பெரியவர். எனக்கு மனம் சாய்வது கனன் மகன் பக்கம். காரணம் சொல்ல வேண்டுமானால் இருவரின் வம்சாவளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

யார் வீட்டுப் பிள்ளை?

அன்றைய வேல்ஸில் அரசுரிமை பேசுகிறவர்கள் 878இல் இறந்த குவினெத் அரசர் ரோட்ரி மவுரிடம்தான் போய் நிற்பார்கள். அவருடைய ஆண்வழி வாரிசா, இல்லையா என்பதுதான் கேள்வி. இத்தனைக்கும் ரோட்ரியின் தந்தை மெர்வினே பழைய அரச குடும்பத்தின் ஆண்வழியில் வந்தவர் அல்ல. பெண்வழி உறவை வைத்து 825இல் குவினெத்துக்குள் நுழைந்தவர். ஒரு முறை நுழைந்துவிட்டால் அதற்குப் பிறகு அதுவே தொன்மையான வம்சம் ஆகிவிடும்.

லுவெலின் மகனுக்கு ரோட்ரியின் ரத்தம் தாய்வழியில்தான் வந்தது. தாய் அங்ஹாரத், 999இல் இறந்த மரெதித் அரசரின் மகள். மரெதித்தின் தாத்தா, வேல்ஸ் சட்டங்களோடு பெயர் இணைந்துவிட்ட ஹவெல் தா. ஹவெல் தா ரோட்ரியின் பேரன். தாய்வழி இவ்வளவு பெரிய வழி. தந்தைவழியிலோ சைசில் என்ற ஒரு தாத்தாவின் பெயருக்கு மேல் பெருமை சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தந்தை லுவெலின் வாள் பலத்தால் குவினெத்தைப் பிடித்தார், 1023இல் இறந்தார். உடனே ரோட்ரியின் நேர் ஆண்வழி வாரிசான யாகோ அரியணையில் ஏறிவிட்டார்.

கனன் மகன் இந்த யாகோவின் பேரன். ரோட்ரி, அனரவுத், இத்வால், மெயுரிக், இன்னொரு இத்வால், யாகோ, கனன், பிறகு இவர். அறுபடாத ஆண்வழி. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை: தந்தை கனன் ஒருநாள்கூட அரசராக இருந்ததில்லை. 1039இல் யாகோவை அவருடைய ஆட்களே கொன்றார்கள். பலன் லுவெலின் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. கனன் கடல் தாண்டி டப்ளினுக்கு ஓடினார். அங்கே வைக்கிங் அரசர் சிட்ரிக்கின் மகன் ஓலாஃபின் மகளான ரக்னெலை மணந்தார். 1055 வாக்கில் பிறந்த கிரிஃபித், டப்ளினுக்கு வடக்கே சோர்ட்ஸில் வளர்ந்தார். ஆகவே குவினெத்தின் 'உண்மையான வாரிசு' அயர்லாந்தில் பிறந்தவர், பாதி வைக்கிங்.

இரண்டு குடும்பத்துக்கும் இடையிலான பங்காளிப் பகை 1039இல் முடியவில்லை. அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு 1064ஆம் ஆண்டுப் பதிவில், லுவெலின் மகனைக் கொன்றவர் யாகோவின் மகன் என்கிறது. அது சரியென்றால் முதல் கிரிஃபித்தைக் கொன்றவர் இரண்டாம் கிரிஃபித்தின் தந்தை.

இந்தப் பின்னணியோடு படித்தால்தான், கனன் மகனின் வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு காட்சியின் கனம் தெரியும். அவர் முதன்முதலாக வேல்ஸில் இறங்கியபோது டாங்விஸ்டில் என்ற உறவுக்காரப் பெண்மணி வந்து ஒரு சட்டையையும் மேலங்கியையும் கொடுக்கிறாள். நீதான் அரசன் ஆவாய் என்கிறாள். அந்த மேலங்கி லுவெலின் மகனின் போர்வையை வெட்டித் தைத்தது! அவள் கணவன் அந்த அரசரிடம் அந்தப்புர அதிகாரியாகவும் கருவூலக் காப்பாளராகவும் இருந்தவன். தாத்தாவின் இடத்தைப் பிடித்தவரின் துணி பேரனின் தோளில் ஏறுகிறது. எழுதியவர் இதைச் சும்மா வைக்கவில்லை. ரத்தத்தால் யாகோவின் வாரிசு, உடையால் லுவெலின் மகனின் வாரிசு என்று இரண்டு உரிமையையும் ஒரே ஆளிடம் சேர்த்துவிடுகிறார்.

வேகமாக எழுந்தவர்

லுவெலின் மகனின் ஆட்சி முழுக்கப் போர். பதவிக்கு வந்த 1039இலேயே செவர்ன் ஆற்றங்கரையில் ரிட்-அ-கிரோய்ஸ் என்ற இடத்தில் இங்கிலாந்தின் மெர்சியப் பகுதிப் படையை முறியடித்தார். தெற்கில் தெஹைபார்த் நாடு அவ்வளவு எளிதில் மசியவில்லை. 1047இல் அவருடைய வீட்டுப் படையினர் சுமார் 140 பேரை டவி ஆற்றுப் பள்ளத்தாக்கு மக்கள் வஞ்சகமாகக் கொன்றார்கள். அதற்கு அவர் அந்த நிலத்தையே பாழாக்கினார். 1055இல்தான் தெஹைபார்த் முழுசாகக் கைக்கு வந்தது.

அதே ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆங்கிலேயப் பிரபு ஆல்ஃப்கரோடு கூட்டுச் சேர்ந்து ஹெரிஃபோர்டைத் தாக்கினார். எதிர்க்க வந்த படை ஓடியது, தேவாலயம் எரிந்தது. மறு ஆண்டு பழிவாங்கப் படையோடு வந்த ஹெரிஃபோர்டின் ஆயரையும் கொன்றார். ஆல்ஃப்கரின் மகள் ஈல்ட்கித்தை மணந்தார். இங்கிலாந்தின் எட்வர்ட் அரசர் சமாதானம் பேச வேண்டிய நிலைக்கு வந்தார்.

பலவீனம் இங்கேதான். அந்தப் பலம் பெருமளவு ஆல்ஃப்கர் என்ற ஒரே ஆளின் நட்பில் நின்றது. 1062 வாக்கில் ஆல்ஃப்கர் காட்சியிலிருந்து மறைகிறார். அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஆங்கிலேயப் பிரபு ஹெரால்ட் காட்வின்சன், கிரிஃபித்தின் ரித்லன் அரண்மனைக்குள் திடீரென்று பாய்ந்து கப்பல்களை எரித்தார். கிரிஃபித் கடல் வழியே தப்பினார். அடுத்த கோடையில் கடலில் ஹெரால்டும் தரையில் அவர் தம்பி டோஸ்டிக்கும் நெருக்க, ஆகஸ்டில் சொந்த ஆட்களே அரசரைக் கொன்றார்கள். தலையும் கப்பலின் முகப்பு அலங்காரமும் எட்வர்டிடம் போயின. விதவையான ஈல்ட்கித்தைப் பிறகு ஹெரால்டே மணந்தார்.

தோற்றுத் தோற்று நின்றவர்

கனன் மகனின் கதை தோல்வியில் ஆரம்பிக்கிறது. 1075இல் ஐரிஷ், வைக்கிங் கூலிப்படையோடு வந்து குவினெத்தைப் பிடித்தார். ஆனால் அந்தக் கூலிப்படை லீன் பகுதியில் செய்த அட்டகாசத்தில் மக்களே கிளர்ந்தார்கள். அதே ஆண்டில் போட்டி அரசர் த்ரஹாயர்னிடம் தோற்று மறுபடி அயர்லாந்து. 1081இல் திரும்பி வந்து, தெற்கின் ரீஸ் அப் டியூடரோடு சேர்ந்து மனித் கார்ன் போரில் த்ரஹாயர்னை வீழ்த்தினார். அப்பாடா என்று உட்காருவதற்குள், சொந்த ஆள் ஒருவனின் துரோகத்தால் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரபு செஸ்டர் ஹியூவிடம் சிக்கினார். செஸ்டரில் பல ஆண்டுச் சிறை.

தப்பிய கதையும் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. நகரத்தார் விருந்தில் மூழ்கியிருக்கும் நேரத்தில், சாமான் வாங்க வந்த நெட்டை கன்ரிக் என்ற இளைஞன், விலங்கோடு கிடக்கும் அரசரைப் பார்க்கிறான். முதுகில் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே நடக்கிறான்.

1098இல் இன்னொரு அடி. இரண்டு நார்மன் பிரபுக்கள் குவினெத்தின் ஆங்கில்சி தீவுக்குள் புகுந்தார்கள். கிரிஃபித் கூலிக்கு அமர்த்திய கப்பற்படை எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு விலகியது. சிறு படகில் அயர்லாந்துக்குத் தப்பினார். அந்த நேரம் பார்த்து நார்வே அரசர் மாக்னஸ் கப்பல்களோடு அங்கே வர, அந்த மோதலில் இருவரில் ஒருவரான ஷ்ரூஸ்பரி பிரபு அம்புபட்டு இறந்தார். நார்மன்களின் பிடி தளர்ந்தது. 1099இல் கிரிஃபித் ஆங்கில்சிக்குத் திரும்பினார்.

அப்புறம்தான் எனக்கு அவரை மிகவும் பிடிக்கிறது. 1114இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி பெரும்படையோடு வந்தபோது சண்டை போடாமல் பணிந்தார், அபராதம் கட்டினார், நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். இது சுத்தமான கதை அல்ல. அடுத்த ஆண்டே, தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த தெற்கின் வாரிசை ஹென்றியிடம் ஒப்படைக்கச் சம்மதித்தார். அந்த இளைஞன் அபெர்டரோன் தேவாலயத்துக்குள் ஓடிப்போய்த்தான் தப்பினான். மனித் கார்னில் தோளோடு தோள் நின்ற ரீஸின் மகன் அவன். இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பிற்பாடு அவனே கிரிஃபித்தின் மகள் குவென்லியனை மணந்தான்.

நார்மன்கள் வேல்ஸின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் குவினெத்தில் மட்டும் ஒரு நீண்ட அமைதி. மக்கள் பழத்தோட்டம் போட்டார்கள், சுண்ணாம்பு பூசிய தேவாலயங்கள் வானத்து விண்மீன்கள் போல மின்னின என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மரம் நட்டுப் பழம் வரும் வரை இருப்போம் என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்ததே, அதை ஒரு அரசரின் சாதனையாகவே நான் பார்க்கிறேன்.

பிறகு என்ன மிஞ்சியது?

லுவெலின் மகன் இறந்ததும் ஒன்றுபட்ட வேல்ஸ் சிதறியது. வடக்கு, தாய்வழித் தம்பிகளான பிளெதினுக்கும் ரிவாலனுக்கும் போனது. சொந்தப் பிள்ளைகள் மரெதித்தும் இத்தெலும் 1070இல் சித்தப்பாக்களோடு மெகைனில் மோதினார்கள். இத்தெல் போரில் செத்தார், மரெதித் குளிரில் விறைத்துச் செத்தார். மகள் நெஸ்ட் நார்மன் பிரபு ஒருவரை மணந்தாள்; அவள் மகளைக் கட்டியவர் பிரெக்கைனியோக் என்ற வேல்ஸ் நாட்டை வேல்ஸ்காரர்களிடமிருந்து பிடுங்கிய பெர்னார்ட். கனன் மகனின் வழியிலோ மகன் ஒவைன் குவினெத் 1170 வரை ஆண்டார், கொள்ளுப்பேரன் லுவெலின் வேல்ஸின் தலைமை அரசராக விளங்கினார், 1282இல் விழுந்த கடைசி லுவெலினும் இதே வம்சம்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கனன் மகனுக்கு வாழ்க்கை வரலாறு எழுத 12ஆம் நூற்றாண்டில் ஆள் இருந்தது, ஏனென்றால் அவருடைய பிள்ளைகள் அரியணையில் இருந்தார்கள். இடைக்கால வேல்ஸ் அரசர்களில் இப்படி ஒரு நூல் கிடைத்திருப்பது இவருக்கு மட்டும்தான். பழத்தோட்டமும் மேலங்கியும் அந்த நூலின் பார்வை. லுவெலின் மகனுக்கு அப்படி எழுத யாரும் மிஞ்சவில்லை. அவருடைய அன்றாட ஆட்சியைப் பார்க்க வேண்டுமென்றால், இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசர் வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும். அதில் பிஸ்ட்ரே என்ற ஊரில், கிரிஃபித் அரசர் வந்து தங்கும்போது ஒவ்வொரு ஏருக்கும் 200 ரொட்டி, ஒரு தொட்டி பீர், ஒரு பாத்திரம் வெண்ணெய் கொடுக்க வேண்டும் என்று பதிவாகியிருக்கிறது. ஒழுங்காக வரி வாங்கிய அரசு அது, வெறும் கொள்ளைக்காரர் கூட்டம் அல்ல.

காலமும் இருவருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. 1063இல் எதிரே இருந்தது இங்கிலாந்தின் முழு பலம். கனன் மகனின் கடைசிக் காலத்திலோ, 1135 டிசம்பரில் ஹென்றி இறந்து இங்கிலாந்து வாரிசுச் சண்டையில் இறங்கியது. அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் தயாராக ஒரு நாடும் படையும் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. 1136 அக்டோபரில் ஒவைனும் தம்பி கட்வலாதரும் தெற்கே இறங்கி, கார்டிகன் அருகே கிரிக் மவுரில் நார்மன் படையை நொறுக்கினார்கள். பார்வை போயிருந்த தந்தை அப்போது உயிரோடுதான் இருந்தார்.