ஸின்டிலேட்: ஜொலிப்பா, பளபளப்பா, மினுமினுப்பா?

வைரங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ஒரே வாக்கியத்தில் பிரில்லியன்ஸ், ஃபயர், ஸின்டிலேஷன் ஆகிய மூன்றும் வரிசையாக வந்து நின்றன. மூன்றையும் 'ஜொலிப்பு' என்று எழுதிவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இருக்காது. முதல் இரண்டும் அதிகத் தொல்லை தரவில்லை. கல்லுக்குள் புகுந்து கண்ணுக்குத் திரும்பி வரும் வெள்ளொளியை 'ஒளிர்வு' என்றும், அது வானவில்லின் நிறங்களாகப் பிரிந்து தெரிவதை 'நிறச்சிதறல்' என்றும் எழுதிக்கொண்டேன். கல் அசையும்போது விட்டு விட்டுத் தெறிக்கும் சுடர்களைக் குறிக்கும் மூன்றாவதற்குத்தான் ஜொலிப்பு, பளபளப்பு, மினுமினுப்பு என மூன்று சொற்கள் போட்டிக்கு வந்தன. நான் தேர்ந்தது மினுமினுப்பு.

ஜொலிப்பை வடமொழி வேரில் பிறந்த சொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. அது குறையாமல் பொழியும் ஒளியைச் சொல்கிறது. நூறு விளக்குகள் ஒருசேர எரியும் மண்டபத்துக்குப் பொருந்தும். பளபளப்போ வழவழப்பான பரப்புக்கு உரியது. துலக்கிய பித்தளைப் பாத்திரமும் மெருகிட்ட காலணியும் பளபளக்கும். இவ்விரண்டிலும் ஒளி வந்தபின் இருந்துகொண்டே இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது அணைதல்தான். மேசை விளக்கின் கீழே ஒரு வைர மோதிரத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பட்டை சுடரிட்டு அணைகிறது, அது அணையும்போதே பக்கத்துப் பட்டை பற்றிக்கொள்கிறது, கையை நிறுத்தினால் அந்த ஆட்டமும் நின்றுவிடுகிறது. பிரில்லியன்ட் முறையில் வட்டமாகத் தீட்டிய கல்லில் 57 அல்லது 58 பட்டைகள் உண்டு. கல்லோ விளக்கோ பார்ப்பவரோ அசையும்போது அவற்றில் எழும் சுடர்களையும், அவற்றுக்கு இடையில் தெரியும் இருள்திட்டுகளையும் சேர்த்தே ரத்தினவியலார் ஸின்டிலேஷன் என்கின்றனர். ஆகவே நமக்கு வேண்டியது இருளையும் உள்ளடக்கிய ஒளிச்சொல். 'மின்' என்றால் ஓர் ஒளிவெட்டு. அது இரட்டித்து 'மினுமினு' ஆகும்போது, வந்து போய் மீண்டும் வருவதைச் சொல்லின் ஓசையே காட்டிவிடுகிறது. விட்டு விட்டு ஒளிரும் பூச்சிக்கு மின்மினி என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆங்கிலத்திலும் ஸ்பார்க் என்ற பொறி, மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் குறிக்கும் விகுதி பெற்றுத்தான் ஸ்பார்க்கிள் ஆயிற்று. ஸின்டிலேட் அதே பொருளை லத்தீன் உடையில் சொல்கிறது. அதன் வேரான ஸின்டில்லாவுக்கும் பொறி என்றே பொருள். (நாம் ஜிகினா என்று சொல்லும் டின்செலும் அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான், ஒரே குடும்பத்தில் ஒன்று சபைக்கும் மற்றொன்று தோரணத்துக்கும் போய்விட்டது.)

வானியலிலும் இந்தத் தேர்வு கைகொடுத்தது. வெவ்வேறு வெப்பநிலையில் அலையும் காற்றடுக்குகள் விண்மீனின் ஒளியை ஓயாமல் வளைப்பதால் அது கூடியும் குறைந்தும் தெரிகிறது. அதற்கும் ஸின்டிலேஷன் என்றே பெயர். சிறு வட்டாகத் தோன்றும் கோள்களில் ஒரு புள்ளியின் குறைவை மற்றொரு புள்ளி ஈடுசெய்துவிடுவதால் அவை பெரும்பாலும் நிலையாக ஒளிர்கின்றன. 'விண்மீன் மினுமினுக்கும், கோள் ஒளிரும்' என்று எழுதினால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மினுமினுப்பிலும் குறை உண்டு. எண்ணெய் தடவிய தோலையும் மினுமினுப்பு என்கிறோம். அங்கே அணைதல் எதுவும் இல்லை. 'மினுக்குதல்' என்று திரிந்தால் பகட்டு என்ற ஏளனமும் ஒட்டிக்கொள்கிறது. கதிரியக்கம் பற்றிய பகுதிகளிலும் ஸின்டிலேஷன் என்ற சொல் வரும். அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அங்கே இதை வலியுறுத்த மாட்டேன். 1909இல் இயற்பியலாளர்கள் கைகரும் மார்ஸ்டெனும் இருட்டறையில் நுண்ணோக்கி வழியே எண்ணியது, துத்தநாக சல்பைடுத் திரையில் கதிரியக்கத்தில் வெளிப்படும் ஆல்பா துகள் மோதும்போது எழும் ஒற்றை ஒளிவெட்டுகளை. ஒன்று ஒன்றாக எண்ணக்கூடியதை இரட்டைக்கிளவியால் சொல்வது பொருத்தமாகப் படவில்லை. அந்த இடத்தில் மட்டும் 'ஒளிப்பொறி' என்று எழுதினேன்.

பேச்சைப் பற்றி வரும்போது மூன்று சொற்களுமே தோற்றன. ஒருவருடைய உரையாடல் ஸின்டிலேட்டிங் என்று ஆங்கிலத்தில் சொன்னால், நயமும் சமயோசிதமும் அடுத்தடுத்துத் தெறித்தன என்று பொருள். மினுமினுக்கும் பேச்சு என்றால் நகைப்பாக இருக்கிறது. வேரை நம்பிப் 'பொறி பறக்கும் பேச்சு' என்று எழுதினால் மேடையில் யாரோ யாரையோ வசைபாடுவதாகத் தோன்றும். அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வைர வணிகர் ஒருவரைப் பற்றி அப்படியொரு வரி இருந்தது. ஒளியை முழுவதுமாக விட்டுவிட்டு, 'அவர் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது' என்று எழுதி அனுப்பினேன்.