தினமும் போடும் மோதிரத்துக்கு மாணிக்கமா, ஸ்பைனலா?

ரங்கூனில் சிவப்புக் கல் கேட்டுப் போனால் கடைக்காரர் இரண்டு விதக் கல்லை எடுத்து வைப்பார். ஒன்று மாணிக்கம், இன்னொன்று ஸ்பைனல். இரண்டுமே மேல் பர்மாவில் ரத்தினம் எடுக்கும் ஊரான மோகோக்கின் பளிங்குப் பாறைகளில் விளைந்தவை. இரண்டுக்கும் சிவப்பைக் கொடுப்பது குரோமியம்தான். மருமகளுக்கு நிச்சயதார்த்த மோதிரம் செய்தபோது நாங்கள் ஸ்பைனலைத்தான் எடுத்தோம். "பர்மாவில் இருந்துகொண்டு மாணிக்கம் வைக்காமல் விட்டுட்டீங்களே" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். இதே யோசனையில் இருக்கும் மற்ற வீட்டாருக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கனிம வகைப்பாட்டில் இரண்டும் ஆக்சைடுகள். மாணிக்கம் என்பது குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. நீலக்கல்லும் இதே கனிமம்தான், நிறம் மட்டும் வேறு. ஸ்பைனலில் அலுமினியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சேர்க்கையால் உள்ளே அணுக்கள் அடுக்கப்படும் முறையே மாறிவிடுகிறது. மாணிக்கம் முக்கோணப் படிக அமைப்பு, ஸ்பைனல் கனசதுர அமைப்பு. காந்தக்கல்லான மேக்னடைட் ஸ்பைனலின் பங்காளி என்றால் நம்பக் கடினம், ஆனால் இரண்டும் ஒரே குழுதான். மோகோக்கில் கிடைக்கும் எண்முக ஸ்பைனல் படிகங்கள் மண்ணிலிருந்து எடுக்கும்போதே அத்தனை வழுவழுப்பாக இருக்கும். நாட் தெய்வங்கள் பட்டை தீட்டியவை என்று பர்மாக்காரர்கள் சொல்வார்கள்.

கடினத்தன்மையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மோஸ் அளவுகோலில் மாணிக்கம் 9, ஸ்பைனல் 8. வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் 7தான், அது இரண்டையும் கீறாது. இரண்டுக்கும் எளிதில் பிளக்கும் தளமும் கிடையாது. ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் மாணிக்கம் ஸ்பைனலைக் கீறும், வைரம் இரண்டையும் கீறும். தனித்தனிப் பையில் வையுங்கள், அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. 1783இல் ரோமே து லீல் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டும் வேறு கனிமங்கள் என்று காட்டும்வரை, அரச குடும்பங்களே ஸ்பைனலை மாணிக்கம் என்று நம்பி வைத்திருந்தன. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் பதித்திருக்கும் 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஒரு ஸ்பைனல். சிலர் புற ஊதா டார்ச் அடித்துக் காட்டி "பாருங்க, தணல் மாதிரி எரியுது, மாணிக்கம்தான்" என்பார்கள். இரும்பு குறைந்த பர்மா கல் எதுவானாலும் அப்படித்தான் ஒளிரும். அதை வைத்து மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் பிரிக்க முடியாது.

பிரிக்கும் வழிகள் வேறு. டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் குழாயில் கல்லைப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரங்கள் தெரியும். மாணிக்கத்தை மெல்லத் திருப்பினால் ஒரு சதுரம் ஊதா கலந்த சிவப்பாகவும் மற்றது ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் பிரியும். ஸ்பைனலை எப்படித் திருப்பினாலும் இரண்டு சதுரமும் ஒரே சிவப்பு. பதிக்காத கல் என்றால் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடலாம். 2 காரட் மாணிக்கம் தண்ணீருக்குள் 1.50 காரட் காட்டும், அதே எடை ஸ்பைனல் 1.44 காட்டும். மாணிக்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 4.00, ஸ்பைனலுக்கு 3.60. நல்ல தராசு இருந்தால் இந்த வித்தியாசம் தப்பாது.

அப்புறம் ஏன் ஸ்பைனல்? எங்கள் விஷயத்தில் முடிவு செய்தது நிறமோ விலையோ அல்ல, பராமரிப்பு.

தினமும் போடும் மோதிரம் பத்தரிடம் ஒருமுறை போய் வந்தால் முடிந்தது என்று இருக்காது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு விரல் பெருக்கும், வயதானால் மெலியும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி தேயும். ஒவ்வொரு தடவையும் ஊதுகுழல் நெருப்பு, வெங்காரம் (போராக்ஸ்), அமிலக் குளியல் என்று எல்லாம் உண்டு. வீட்டில் எலுமிச்சை பிழிவதும் புளி கரைப்பதும் அதே கையால்தான்.

இத்தனையையும் சுத்தமான, நிறத்தைத் திருத்த உலையில் சூடு காட்டாத மாணிக்கம் பெரும்பாலும் தாங்கும். ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் முன்னால் வரும் மாணிக்கம் பெரும்பாலும் அது அல்ல. 1990களின் தொடக்கத்தில் ஷான் மாநிலத்து மோங் ஷுவில் மாணிக்கம் ஏராளமாகக் கிடைத்தது. அந்தக் கற்களின் நடுவில் நீலம் ஓடியிருக்கும், நிறைய விரிசலும் இருக்கும். உலையில் வைத்தால் நீலம் போகும், கூடவே வெங்காரம் சேர்த்தால் விரிசலும் மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் கண்ணாடித் துணுக்குகள் தங்கிவிடும். 2000களில் இன்னொன்று வந்தது: தரம் குறைந்த குருந்தத்தின் விரிசல்களுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்புவது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் கல்லைச் சாய்த்துப் பார்த்தால் விரிசல் ஓரமாக நீல மினுக்கம் ஓடும், உள்ளே சின்னச் சின்ன வட்டக் குமிழிகள் தெரியும். அந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். பத்தரின் நெருப்பு பட்டால் கல் மேல் வலை விரித்ததுபோல் வெள்ளைக் கோடுகள் கிளம்பும்.

மொகல் தெருப் பக்கம் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் பத்தர் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "அக்கா, கண்ணாடி அடைச்ச கல்லுன்னா மோதிரத்தை என்கிட்ட கொண்டு வராதீங்க. கழட்டும்போது உடைஞ்சாலும் பழி, கழட்டாம தீ காட்டினாலும் பழி."

பர்மா ஸ்பைனலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் கிடைத்ததை அப்படியே வெட்டிப் பட்டை தீட்டி விற்கிறார்கள். சூடு காட்டினாலும் அதன் நிறத்தில் பெரிய லாபம் இல்லாததால் யாரும் மெனக்கெடுவதில்லை. மருமகள் அதைப் போட்டுக்கொண்டே சமைக்கிறாள், துவைக்கிறாள். அழுக்குச் சேர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், போதும். பத்தரிடம் போகும்போது மட்டும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு காட்டச் சொல்வோம். அதிகச் சூட்டில் சில ஸ்பைனல்களின் நிறம் மங்கும் என்பதால் அந்த ஜாக்கிரதை தேவை.

செயற்கைக் கல் இரண்டு பக்கமும் உண்டு. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்த்த முறை 1902லேயே வெளியானது, அதனால் பாட்டி காலத்து நகையில் இருப்பதும் ஆலைக் கல்லாக இருக்கலாம். லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மோகோக் மாணிக்கத்தில் மெல்லிய பட்டு போன்ற ஊசிகளும், ஸ்பைனலில் வரிசையாகக் குட்டி எண்முகங்களும் தென்பட்டால் நல்ல அறிகுறி. எதுவானாலும் பதிப்பதற்கு முன்பே பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை வாங்குங்கள். மாணிக்கம் என்றால் 'சூடு காட்டியதற்கான அறிகுறி இல்லை' என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாதகப்படி சூரியனுக்குப் போடும் மோதிரம் என்றால் இந்த அலசலே வேண்டாம், மாணிக்கம்தான் வைக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும் கண்ணாடி அடைக்காததாக எடுங்கள். அதைப் பண்டிகை நாளில் போட்டுக் கழற்றி வைக்கும் நகையாக நினைத்தால் மேலே சொன்ன பயமும் பாதி குறையும்.

மறுவிற்பனை பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நாங்கள் கல்லை விற்றுப் பார்த்ததில்லை. நகைக்கடையில் பழைய மோதிரத்தைப் போட்டால் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம், அது எந்தக் கல்லானாலும். சூடு காட்டாத பெரிய மோகோக் மாணிக்கம் வைத்திருப்பவருக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலை ஸ்பைனலுக்குக் கிடைக்காது என்பது தெளிவு. ஆனால் 2008இல் அமெரிக்கா பர்மா மாணிக்கத்துக்கும் ஜேடுக்கும் இறக்குமதித் தடை போட்டது, 2016இல்தான் நீக்கியது. பணத்தைப் பூட்டி வைக்க நினைத்துக் கல் வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.