கொழும்புக் கார்னிவலில் பேய் ரயிலும் பேய் வீடும்: எதற்கு டிக்கட் எடுக்கலாம்?

கார்னிவல் பேய் வீடு நல்லதா இல்லையா என்பதை டிக்கட் கூண்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே சொல்லிவிடலாம். உள்ளேயிருந்து வரும் அலறலைக் கேளுங்கள். ஒரே அலறல் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒலிபெருக்கி. ஒன்று நீண்டு, ஒன்று பாதியில் சிரிப்பாக மாறி, இடையில் “அம்மா”, “அம்மே”, “உம்மா” என்று மூன்றும் கலந்து வந்தால் அது மனிதர்கள். அதற்குக் காசு கொடுக்கலாம்.

காலிமுகத்திடலிலும் புறநகர் மைதானங்களிலும் வந்து கூடாரம் அடித்து, சில வாரங்களில் கழற்றிக்கொண்டு போகும் கார்னிவல்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். கொழும்பில் வளர்ந்த பலருக்கு மரணக் கிணறும் ராட்சத ராட்டினமும் நினைவில் இருக்கும். ஆனால் தும்பு மிட்டாயைப் பாதியில் எறிந்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்த இடம் பேய் வீடு. அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப் போகிறவர்கள்தான் இன்று வரிசையில் அதிகம். அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இரண்டு வகை உண்டு. தண்டவாளத்தில் வண்டி ஓடுவது ஒன்று, நடந்து போவது மற்றது.

பேய் ரயில் என்கிறோம். ஓடுவது இரண்டு பேர் இருக்கும் ஒற்றை வண்டிதான். இந்த வகைச் சவாரியை 1920களின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிரெட்சல் என்ற கம்பனி செய்து விற்றது. பிரெட்சல் அங்கே ஒரு முறுக்கு. சின்ன இடத்துக்குள் வண்டியை முறுக்கு மாதிரிச் சுழற்றிக் கொண்டுபோவதற்கு அது பொருத்தமான பெயர். 1930இல் இங்கிலாந்தின் பிளாக்பூலுக்கு அது வந்தபோது அங்கே அந்தப் பலகாரத்தை யாருக்கும் தெரியாது. அப்போது பேர்போன ஒரு நாடகத்தின் பெயரை எடுத்துப் பேய் ரயில் என்று பலகை மாட்டினார்கள். ஒற்றை வண்டிக்கு ரயில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

இதில் பாதி வேலையைச் செய்வது வளைவு. வண்டி நேராக ஓடினால் தூரத்திலேயே பொம்மை தெரிந்துவிடும். சடாரென்று திரும்பினால் முகத்துக்கு நேரே வரும். ஆகவே நல்ல பேய் ரயிலில் எந்த உருவமும் நேர்ப்பாதையின் முடிவில் நிற்காது, திருப்பத்தைத் தாண்டி ஓரடி இரண்டடிக்குள் நிற்கும். அடுத்தது கதவு. வண்டியின் மூக்கு இடித்துத் திறக்கும் இரட்டைக் கதவுகளின் சத்தம்தான் சவாரியின் முதல் பயம். அந்தக் கதவுகளுக்கு வேறொரு வேலையும் உண்டு: வெளிச்சத்தை மறிப்பது. நுழைவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சோடி இருக்கவேண்டும். முதற்சோடி மூடிய பிறகே இரண்டாவது திறக்கவேண்டும். ஒரு சோடியை மட்டும் வைத்துவிட்டு மற்றதற்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தால் முதல் அறை முழுக்க மெரி கோ ரவுண்டின் பச்சை, சிவப்பு வெளிச்சம்தான். அங்கே நிற்கிற எலும்புக்கூட்டின் பின்னாலுள்ள கம்பி கூடத் தெரியும்.

இருட்டைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் பேய் வீட்டில் விற்கப்படுவது அதுதான். பிரகாசமான இடத்திலிருந்து இருட்டுக்குப் போன கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். சவாரி இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கண் பழகுவதற்குள் வெளியே வந்துவிடுகிறீர்கள். முகப்பில் வரிசையாக எரிகிற மின்குமிழ்கள் அலங்காரத்துக்கு என்று நினைத்திருப்போம். அவை உங்கள் கண்ணைக் கூசவைத்து உள்ளே அனுப்புகின்றன. இதைத் தெரிந்து கட்டியவர்கள் பழைய காலத்து ஆட்கள். இப்போது சிலர் வெளியே ஒரு மங்கல் நீல லைட்டை வைத்துவிட்டு, உள்ளே நாலு பக்கமும் எல்.இ.டி. பட்டி ஓட்டிவிடுகிறார்கள். அது பார்க்க வடிவாக இருக்கும். பயம் வராது.

பகலில் டிக்கட் எடுக்கவே வேண்டாம். கறுப்புப் பொலித்தீனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் வெயில் உள்ளே கோடு போடும். கொழும்பில் ஆண்டு முழுக்க 6.30 மணியை ஒட்டியோ அதற்கு முன்போ சூரியன் மறைந்துவிடும். 7 மணிக்குப் பிறகு போங்கள். வரிசையில் நிற்கும்போது முகப்பு விளக்குகளைப் பார்த்தபடி நில்லுங்கள், பலன் இரட்டிப்பு. உள்ளே போனபின் கைப்பேசியை எடுக்காதீர்கள். உங்களுக்கும் கெடும், பின்னால் வருகிறவருக்கும் கெடும்.

நடந்து போகும் பேய் வீட்டின் கணக்கு எளியது. 10 மீற்றர் சதுர நிலத்தில் ஒரு மீற்றர் அகலமான பாதையை மடித்து மடித்துப் போட்டால் 80 மீற்றருக்கு மேல் நடக்க வைக்கலாம். ஜீ.ஐ. பைப்பில் அல்லது பாக்கு மரத்தில் சட்டம், அதன்மேல் கறுப்புப் பொலித்தீன் அல்லது பிளைவூட். வெசாக் இரவுகளில் தோரணமும் தன்சலும் பார்க்கப் போகும் வழியில் ஊர்ப் பையன்கள் கட்டுகிற பேய் வீடுகளும் இதே வகைதான். செலவு குறைவு, ஆள்பலம் அதிகம். பல சமயம் அவைதான் கார்னிவல்காரருடையதை விட நன்றாக இருக்கும். காரணம், சுவருக்குப் பின்னால் ஆள் நிற்கிறான். வருகிறது யார், சின்னப் பிள்ளையா, பெரிய வீரரா என்று ஓட்டையால் பார்க்கிறான். பிள்ளை என்றால் கையை மட்டும் மெதுவாக நீட்டுவான். வீரர் என்றால் கடந்துபோக விட்டு முதுகுப் பக்கத்தில் தகரத்தைத் தட்டுவான். மிதித்தால் இயங்கும் சுவிட்சுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நடிப்பவர் ஆளைத் தொடக்கூடாது என்பது நல்ல இடங்களில் கட்டாய விதி. “உள்ளே தொடுவார்களா?” என்று வாசலில் கேளுங்கள். பதில் தடுமாறினால் பிள்ளைகளோடு உள்ளே போகவேண்டாம்.

அந்த நாளில் முகத்தில் உரசிய நூல் ஞாபகம் இருக்கிறதா? சிலந்தி வலை என்று எல்லோரும் சத்தியம் செய்த அது, கூரையிலிருந்து தொங்கவிட்ட தையல் நூல். நான்கடி உயரத்தில் ஒரு வரிசை, ஐந்தரை அடியில் ஒரு வரிசை இருந்தால் பிள்ளைக்கும் பெரியவருக்கும் முகத்தில் படும். பஞ்சு நூல்தான் சரி, இழுத்தால் அறும். மீன்பிடி நைலோன் நூலைக் கட்டினால் கழுத்தை அறுக்கும். அதன்பின் காலடியில் மெத்தை. இறுக்கமான தரையில் நடந்துவந்த கால் திடீரென்று ஓரடி நீளத்துக்கு ஸ்பொஞ்சில் புதையும்போது உடம்பே அலறும். இவை இரண்டுக்கும் கரண்ட் தேவையில்லை, பழுதாகவும் மாட்டா. ஆயினும் புதிய பேய் வீடுகளில் பலவற்றில் இவை காணாமற்போய்விட்டன. எங்களுக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அவற்றின் இடத்துக்கு வந்தது காற்றழுத்தத்தில் பாயும் பொம்மை. கம்பிரசரிலிருந்து குழாய் வழியே காற்று வந்து சிலிண்டரைத் தள்ள, பெட்டிக்குள்ளிருந்து பிணம் எழும்பும். புதிதில் அபாரம். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றை அழுத்தினால் தாங்கியின் அடியில் நீர் சேரும். ஒவ்வொரு மாலையும் வடிகால் வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால் நீர் குழாய்க்குள் போய் வால்வு துருப்பிடிக்கும். பிறகு பிணம் பாயாது. நித்திரை முறிந்து எழும்புகிற ஆள் மாதிரி மெதுவாக எழும்பும். இன்னொரு குறை, கம்பிரசரைப் பக்கத்திலேயே வைப்பது. மோட்டர் உறுமும் இடத்தில்தான் ஏதோ வரப்போகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

கண்ணாடிப் பேய்க்குத் தனி மரியாதை. 1862இல் இலண்டன் ரோயல் பொலிடெக்னிக்கில் ஜோன் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய வித்தை அது. பார்ப்பவருக்கு முன்னால் 45 பாகையில் சாய்த்த கண்ணாடி, பக்கத்தில் பார்வைக்கு மறைவான இன்னொரு அறை. அந்த அறையிலுள்ள உருவத்தில் வெளிச்சம் ஏறும்போது அதன் விம்பம் முன்னாலுள்ள கதிரையில் இருப்பதுபோலத் தெரியும். உருவத்தின் ஊடே கதிரையும் தெரியும். கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்த ஹோன்டட் மேன்ஷனில் பேய்கள் நடனமாடும் மண்டபம் இந்த முறையில்தான் இயங்குகிறது. அங்கே வண்டி தானே திரும்பி நீங்கள் எங்கே பார்க்கவேண்டும் என்பதையும் முடிவுசெய்யும். கார்னிவலில் கண்ணாடி உடையும் என்று அக்ரிலிக் தகடு போடுவார்கள். மெல்லிய தகடு நடுவே வளைந்து பேயின் முகம் கோணும், தடித்த தகடு வேண்டும். மறைவறையின் சுவர்களுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு அடிக்காவிட்டால் அறை முழுவதுமே கண்ணாடியில் விழும். காலிமுகத்திடலில் கடற்காற்றின் உப்பு ஒரே நாளில் தகட்டில் வெண்படலமாகப் படியும். மென்மையான ஈரத்துணியால் தினமும் துடைக்கவேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழுந்து பிறகு கீறல்தான் மின்னும். கண்ணாடிப் பேய் தெளிவாக இருக்கிற பேய் வீட்டை நடத்துகிறவர் கவனமான ஆள் என்று நம்பலாம்.

உருவங்களைப் பற்றி எங்களுக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. இறக்குமதி ரப்பர் முகமூடியும் கோமாளியும் எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே மஹசோனா இருக்கிறான். துட்டகைமுனு மன்னனின் வீரன் கோட்டயிம்பரனோடு பொருதித் தலையிழந்து, கரடித் தலையைப் பின்பக்கம் பார்க்கப் பொருத்திக்கொண்ட சுடுகாட்டுப் பூதம். வெள்ளைச் சேலையில் கைக்குழந்தையோடு நின்று “கொஞ்சம் பிடியுங்கள்” என்று கேட்கும் மோகினி இருக்கிறாள். நோய்களின் முகமாக ஆடப்படும் 18 சன்னி முகமூடிகள் அம்பலாங்கொடையில் செதுக்கப்படுகின்றன. மோகினி கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இருட்டில் ஒரு சேலைத் தலைப்பு அசைந்தால் போதும். முகப்புப் பலகையில் இவர்கள் வரையப்பட்டிருந்தால் உள்ளேயும் இருக்கிறார்களா என்று வெளியே வருகிறவர்களிடம் கேளுங்கள். பலகையில் மட்டும் இருப்பது வழக்கம்.

இனிப் பாதுகாப்பு. இதில் தயவு தாட்சண்யம் பார்க்கமுடியாது. 1979 ஜூன் 9 இரவு சிட்னி லூனா பார்க்கின் பேய் ரயில் எரிந்து ஆறு பிள்ளைகளும் ஒரு தந்தையும் இறந்தார்கள். 1984 மே 11 அன்று நியூ ஜேர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டை எரிந்து எட்டு இளைஞர்கள் இறந்தார்கள். இருட்டு, குறுகிய வளைவுகள், எளிதில் எரியும் பொருள் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. பொலித்தீன் எரியும்போது உருகிச் சொட்டும். ஸ்பொஞ்ச் எரியும்போது வரும் புகையே ஆளை வீழ்த்தும். ஆகவே டிக்கட் எடுக்குமுன் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வாசலையும் வெளியேறும் வழியையும் தவிர, பக்கத்தில் உடனே திறக்கக்கூடிய இன்னொரு வழி இருக்கவேண்டும். வாசல் ஆளின் கையில் டோர்ச், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்புக் கருவி. ஒரு குழு வெளியே வந்தபின்தான் அடுத்தது போகவேண்டும். சனம் கூடியதும் இருபது பேரை ஒன்றாகத் தள்ளுகிற இடத்துக்குப் போகாதீர்கள். வயர்களைப் பாருங்கள்: இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகள் ஈரப்புல்லில் கிடந்தால் திரும்பி வாருங்கள். மே மாதத்தில் வெசாக்கும் மழையும் ஒன்றாக வரும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

பேய் ரயிலில் வண்டி நடுவழியில் நின்றால் இறங்கக்கூடாது. பல வண்டிகள் பாதையின் நடுவே ஓடும் தண்டிலிருந்து கரண்ட் எடுக்கின்றன. அந்தத் தொடுகை துருப்பிடித்துவிட்டால் வண்டி நிற்கும், ஆனால் தண்டில் கரண்ட் இருக்கலாம். ஆள் வந்து தள்ளும்வரை கைகால்களை உள்ளே வைத்திருங்கள். துப்பட்டா, சால்வை, சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் இடுப்பில் செருகிவிட்டு ஏறுங்கள், சில்லில் மாட்டும். நடைபாதை வகைக்குப் போவதென்றால் பாட்டா செருப்பு ஆகாது. ரெக்சின் விரிப்பில் வழுக்கும், ஓடும்போது ஒன்று கழன்றுவிடும். பின்வார் உள்ள செருப்புப் போடுங்கள்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கூட்டிப்போகவேண்டாம். ஆறிலிருந்து ஒன்பது வரை என்றால் முதலில் வெளியேறும் வாசலைக் காட்டி, அங்கே சிரித்தபடி வருகிறவர்களைப் பார்க்க விடுங்கள். வண்டியில் பெரியவர் வெளிப்பக்கம், பிள்ளை உள்பக்கம். நடக்கும்போது பிள்ளையைக் கடைசியில் விடாதீர்கள், மறைந்து நிற்கிறவர்கள் குறிவைப்பது கடைசி ஆளைத்தான். வலிப்பு உள்ளவர்கள் வெட்டி வெட்டி மின்னும் லைட் இருக்கிறதா என்று கேட்டுத் தவிர்க்கவேண்டும். செக்கனுக்கு 3 முதல் 30 வரையான மின்னல்கள் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

இரண்டில் எது என்று கேட்டால், இரட்டைக் கதவும் கண்ணாடிப் பேயும் சரியாக இருந்தால் ரயில். இல்லாவிட்டால் ஆட்கள் மறைந்து நிற்கும் நடைபாதை. முடிவை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். நல்ல பேய் வீட்டில் கடைசித் திரைக்கு முன் ஒரு பொய் வாசல் இருக்கும். மேலே விளக்கு, வெளியே கடலைக்காரர் கூவும் சத்தம், காற்றில் பொரித்த இறால் வடை வாசம். எல்லோரும் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்துகிற இடம் அது. வலது பக்கச் சுவரைப் பாருங்கள்.